ஹப்புத்தளை ஏற்றத்தில் நின்றுபோகும் கார்: பெற்றோல் குழாயை மாற்றினால் தீருமா?

சித்திரைப் புத்தாண்டுக்கு இன்னும் இரண்டு வாரம்கூட இல்லை. கொழும்பிலிருந்து பழைய காரில் பதுளைப் பக்கம், தோட்டத்து வீடுகளுக்கு வரப்போகிறவர்களின் கடிதங்கள்தான் இந்த வாரம் அதிகம். பெலிஹுல்ஓயா, ஹல்துமுல்லை ஏற்றமெல்லாம் ஏறிவிட்டு பெரகலைச் சந்தியில் தேநீருக்கு நிறுத்துகிறார்கள். பத்து நிமிடம் கழித்துச் சாவியைத் திருப்பினால் எஞ்சின் சுற்றுகிறது, ஸ்டார்ட் ஆவதில்லை. அரை மணி நேரம் விட்டால் தானாகவே சரியாகிவிடுகிறது. "குழாயை மாற்றச் சொல்கிறார்கள், மாற்றலாமா?"

மாற்றலாம். எந்தக் குழாயை, எதற்காக என்று தெரிந்து மாற்ற வேண்டும்.

கராஜில் இதற்கு "எயார் பிடிச்சிட்டு" என்பார்கள். அந்த ஒரு சொல்லுக்குள் இரண்டு கோளாறுகள் இருக்கின்றன.

முதலாவது, குழாய்க்குள்ளேயே பெற்றோல் கொதிப்பது. காபரேட்டர் கார்களில் டாங்கி பின்னால், பம்ப் எஞ்சினோடு ஒட்டி முன்னால். அவ்வளவு தூரம் பெற்றோலை பம்ப் உறிஞ்சித்தான் எடுக்க வேண்டும். உறிஞ்சும்போது குழாய்க்குள் அழுத்தம் இறங்கும். அழுத்தம் இறங்கினால் கொதிநிலையும் இறங்கும். பெற்றோலின் இலேசான பகுதி சாதாரணமாகவே 35 பாகை அளவில் கொதிக்கத் தொடங்கிவிடும். 1,400 மீற்றர் உயர ஹப்புத்தளையில் காற்றழுத்தம் கொழும்பைவிட ஏறத்தாழ 15 சதவீதம் குறைவு. ஏப்ரல் முதல் பாதியில் சூரியனும் இலங்கைக்கு நேர் மேலே. எஞ்சினை நிறுத்தியதும் காற்றாடி நிற்கிறது, குளிர்ந்த பெற்றோல் வருவதும் நிற்கிறது. இரும்பில் தேங்கிய சூடு முழுவதும் பம்பில் இறங்குகிறது.

பம்புக்குள் இருக்கும் மென்தகடு சில மில்லிமீற்றர்தான் அசையும். திரவத்தை அமுக்கினால் அது சுருங்காது, முன்னே போகும். ஆவிக்குமிழியை அமுக்கினால் அது இருந்த இடத்திலேயே சுருங்கும், விட்டால் விரியும். பம்ப் ஓயாமல் அடிக்கிறது, ஒரு துளியும் மேலே ஏறுவதில்லை. ஃபில்டர் அடைத்தோ குழாய் நசுங்கியோ இருந்தால் பம்ப் இன்னும் பலமாக உறிஞ்சும். அந்தப் பலமே பெற்றோலை இன்னும் சீக்கிரம் கொதிக்க வைக்கும். எனக்குப் பெரிய வியப்பு இதுதான்.

இரண்டாவது கோளாறு கவலை தருவது. ஹாலிஎலயில் ஒரு கராஜில் கழற்றிப் போட்ட ரப்பர் குழாயை வாங்கிப் பார்த்தேன். நேராகப் பிடித்தால் புதுசு போல இருந்தது. விரலில் சுற்றி வளைத்ததும் கிளிப் கடித்த இடத்தில் மயிரிழை வெடிப்புகள் வாய் திறந்தன. உறிஞ்சும் பக்கத்துக் குழாய் இப்படி வெடித்தால் எஞ்சின் ஓடும்போது பெற்றோல் சொட்டாது. காற்று உள்ளே போகும். தரையில் ஈரம் இல்லையே என்று குழாயை நம்பிவிடுகிறோம். காலைக் குளிரிலும் இழுபறி என்றால் வெளிக்காற்று. சூட்டில் மட்டும் என்றால் ஆவி.

பழைய ஜப்பானிய கார்கள் பலவற்றின் பம்பில் மூன்றாவது குழாய் ஒன்று உண்டு. மிஞ்சிய பெற்றோலை அது டாங்கிக்குத் திருப்பி அனுப்பும். அதனால் பெற்றோல் பம்பில் தேங்கிச் சூடேறாது. அது வெடித்ததும் புதுசு போடாமல் ஆணி அடித்து அடைத்துவிடுகிறார்கள். உங்கள் காரில் முதலில் பார்க்க வேண்டியது அந்த இடம்.

"எஸ்ஏஇ ஜே30 ஆர்7" என்று அச்சிட்ட ரப்பர் குழாயாக வாங்குங்கள். கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் குழாய் சூட்டில் இறுகி நழுவும். சைலன்சர் குழாய்க்குப் பக்கத்தில் கொண்டு போகாதீர்கள். எஞ்சின் நன்றாக ஆறிய பிறகே கழற்றுங்கள்.

"புகைப் பரிசோதனையில் சித்தியடைந்த வண்டிதானே?" என்கிறார் ஒருவர். வருமான அனுமதிப்பத்திரத்துக்காக ஆண்டுதோறும் எடுக்கும் அந்தச் சான்றிதழ், பெற்றோல் காரில் புகைக்குழாயிலிருந்து வரும் கார்பன் மொனொக்சைட்டையும் ஹைட்ரோகார்பனையும் அளந்து தருவது. பெற்றோல் குழாயை அது சோதிப்பதில்லை. 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திறந்தது. அந்த ஐந்து ஆண்டும் பழைய கார்களே ஓடின. அவற்றின் ரப்பருக்கும் அத்தனை வயது கூடியது.

ஒக்டேன் 95 அடித்தால்? பயனில்லை; அந்த எண் ஆவியாவதைப் பற்றியது அல்ல.

பம்பில் ஈரத்துணி? வழியில் கைகொடுக்கும், டிஸ்ரிபியூட்டரில் தண்ணீர் படக்கூடாது.

இன்ஜெக்ஷன் கார்? டாங்கிக்குள் இருக்கும் பம்ப் அழுத்தித் தள்ளுவதால் இந்தத் தொல்லை அரிது. அதற்கு ஆர்9 குழாய்தான் போட வேண்டும்.

கொழுந்து லொறி? டீசல் இந்தச் சூட்டில் கொதிக்காது. நின்றால் வெளிக்காற்றைத் தேடுங்கள்.

பிரேக்கிலும் இப்படி நடக்குமா? நடக்கும், அது உயிருக்கே ஆபத்து. பிரேக் ஒயில் நாளடைவில் ஈரத்தை உறிஞ்சும், அதன் கொதிநிலை இறங்கும். எல்லயிலிருந்து வெல்லவாய வரை பிரேக்கிலேயே காலை வைத்து இறங்கினால் அங்கேயும் குமிழி உண்டாகி, மிதி தரைவரை போய்விடும். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை ஒயிலை மாற்றுங்கள். ஏறிய கியரிலேயே இறங்குங்கள்.