வீட்டு வினைச்சொற்கள்

அரிசி, உலையை அடையுமுன் எத்தனை வினைகளைக் கடந்தது என்பதை இன்று எண்ணிப் பார்ப்போர் சிலரே. முன்னாளில் நெல்லை உரலில் இட்டுக் குற்றினர், முறத்தில் இட்டுப் புடைத்தனர், நொய் பிரியக் கொழித்தனர், நீரூற்றிக் களைந்தனர், கல்லும் மணலும் அடியில் தங்குமாறு அரித்தனர், பின்னரே உலையில் இட்டனர், வெந்தபின் கஞ்சியை வடித்தனர். ஏழு வினைகள், அவற்றிற்கு ஏழு சொற்கள். இவற்றுள் ஒன்றன் இடத்தில் மற்றொன்று நில்லாது. புடைத்தலாவது, முறத்தை மேலும் கீழுமாக அசைத்துத் தானியத்தை எழுப்பி, உமியைப் பறக்கச் செய்தல். கொழித்தலாவது, முறத்தைப் பக்கவாட்டில் அசைத்துப் பருமணியையும் நொய்யையும் வேறாக்குதல். கையசைவு வேறுபட்டதும் சொல்லும் வேறுபட்டது.

இத்தகைய சொற்களைச் சிறு குழந்தைக்குக் கற்பிப்பது எங்ஙனம்? பெயர்ச்சொல்லைக் கற்பிப்பது எளிது. குடத்தைச் சுட்டிக் ‘குடம்’ என்றால் போதும், குடம் ஓடிவிடாது. வினையோ கணத்தில் தோன்றிக் கணத்தில் மறைவது. ‘பிழிதல்’ என்பதைப் படத்தில் காட்டினால், குழந்தை துணியைக் காணும், கையைக் காணும், பிழிதலைக் காணாது. ஈரத்துணியைத் தன் கையால் முறுக்கி, நீர் சொட்டுவதை உணர்ந்த குழந்தைக்கே அச்சொல் உரியதாகிறது.

தமிழ்மொழியின் அமைப்பும் இதற்குத் துணை செய்கிறது. எடு, மடி, துடை, பிழி, உதறு என்னும் ஏவல் ஒருமைச் சொற்கள் வினையின் பகுதியாகவே நிற்பவை அல்லவா? ஆதலின், தாய் இடும் சிறு ஏவலைக் கேட்கும் குழந்தை, இலக்கணம் அறியாமலே பகுதியைக் கற்றுக்கொள்கிறது. எனினும், ஒலியொன்றே பொருளைத் தந்துவிடாது. ‘காயை அரி’ என்பதும் ஏவலே. ‘அரிசியை அரி’ என்பதும் ஏவலே. முன்னது அரிவாள்மணையில் துண்டாக்குதல். பின்னது நீரில் அலைத்துக் கல் நீக்குதல். இறந்தகாலத்தில் ‘அரிந்தாள்’, ‘அரித்தாள்’ என இவை பிரிந்துவிடும். ஏவலில் நின்றபோது இவற்றைப் பிரித்துக் காட்டுவன உடன்வரும் பெயரும், செய்யும் கையுமே ஆகும்.

இத்தாலி நாட்டு மருத்துவரும் கல்வியறிஞருமான மரியா மாண்டிசோரி அம்மையார் இவ்வுண்மையை நன்கு உணர்ந்தவர். 1907ஆம் ஆண்டில் ரோம் நகரின் சான் லொரென்சோ என்னும் ஏழைமக்கள் வாழ்ந்த பகுதியில் அவர் குழந்தைகள் இல்லம் ஒன்றைத் தொடங்கினார். கூட்டுதல், துடைத்தல், நீர் ஊற்றுதல் முதலிய வீட்டுவேலைகள் அவர் வகுத்த முறையில் பாடங்களாக இடம்பெற்றன. அவற்றிற்கான கருவிகள் குழந்தையின் கைக்கு அடங்கும் அளவில் அமைந்தன. அவை விளையாட்டுப் பொம்மைகள் அல்ல, உண்மையாகவே குப்பையைக் கூட்டும் துடைப்பங்கள். 1939ஆம் ஆண்டில் அம்மையார் சென்னைக்கு வந்து, அடையாற்றில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார்.

பெயர் கற்பித்தற்கு அவர் மேற்கொண்டது, பிரெஞ்சு மருத்துவர் செகான் வகுத்த மூன்று படிகள் கொண்ட முறை. அதனை வினைச்சொல்லுக்கும் கொள்ளலாம். ஆசிரியர் சிறு துண்டொன்றை நீரில் அலசுகிறார், பிழிகிறார், உதறுகிறார். செய்யும்போது மிகுதியாகப் பேசுவதில்லை. பேச்சு மிகுந்தால், குழந்தையின் கண் கையை விட்டு வாய்க்குச் சென்றுவிடும். ஒவ்வொரு செயலும் முடிந்தவுடன் அதன் பெயரை மட்டும் தெளிவாகச் சொல்கிறார். இது முதற்படி. அடுத்து, ‘உதறு’ என்றதும் குழந்தை உதறவேண்டும். ‘பிழி’ என்றதும் பிழியவேண்டும். இவ்விரண்டாம் படியிலேதான் நெடுநேரம் தங்குதல் நன்று. குழந்தை சலியாமல் மகிழ்வதும் இங்கேதான். இறுதியில் ஆசிரியர் தாமே செய்து காட்டி, ‘இது என்ன வேலை?’ என்று வினவுகிறார். விடை தவறினால் கடிந்துகொள்வதில்லை; பாடத்தை மற்றொரு நாளைக்கு ஒத்திவைக்கிறார்.

இன்று ஆலையில் தீட்டிக் கல் நீக்கிய அரிசி பையில் அடைத்து வருகிறது. முறம் பல வீடுகளில் பரணேறிவிட்டது. கொழித்தல் என்றதும் மாணவர் பலர்க்குச் செல்வம் கொழித்தல் நினைவிற்கு வருமேயன்றி, முறம் வாராது. ஆட்டுதல் என்னும் சொல் மட்டும் பிழைத்திருக்கிறது. மின்னாற்றலால் சுழலும் பொறியிலும் கல்லே மாவை ஆட்டுவது அதற்குக் காரணம் போலும். மற்றவற்றின் இடத்தைச் ‘சுத்தம் செய்’ என்னும் ஒரே தொடர் பற்றிக்கொள்கிறது. பாத்திரத்தைத் துலக்கினாலும், தரையை மெழுகினாலும், துணியை அலசினாலும் எல்லாம் சுத்தம் செய்தலே! வேலைகளைப் பெண்மக்களுக்கே உரியவை என ஒதுக்கிய வீடுகளில், ஆண்மக்கள் இச்சொற்களை முன்பே இழந்துவிட்டனர் எனலாம்.

கற்பிப்போர் மற்றொன்றையும் கருத வேண்டும். கருவிகளின் பெயர் ஊர்தோறும் மாறும். முறத்தைத் திருநெல்வேலியாரும் யாழ்ப்பாணத்தாரும் சுளகு என்பர். துடைப்பத்தைக் கொங்கு நாட்டார் சீமாறு என்பர். தென்மாவட்டத்தார் வாரியல் என்பர். விளக்குமாறு என்போரும் உளர். மாறு என்பது விளாரைக் குறிக்கும். விளக்குதல் என்பது தூய்மை செய்தல். ஒரு குழந்தை வகுப்பில் ‘வாரியல்’ என்று சொன்னால், ஆசிரியர் அதைத் திருத்த வேண்டுவதில்லை. அதைக் கொண்டு ஒரு மூலையைக் கூட்டச் சொல்லிவிட்டு, ஏனைப் பெயர்களையும் உடன் சொல்லலாம்.