தண்ணீர் எந்த வழியாக வந்தது?

ராத்திரிப் பாத்திரங்களை அடுக்கி, பொத்தானை அழுத்திவிட்டுப் படுத்தாயிற்று. காலையில் பார்த்தால் டிஷ்வாஷர் பாதியில் நின்றிருக்கிறது. தட்டுகளில் சோப்புப் படலம் அப்படியே இருக்கிறது. முகப்பில் ஓர் எழுத்தும் எண்ணும் மின்னுகின்றன: பாஷ், சீமென்ஸ் இயந்திரங்களில் ஈ15, எலக்ட்ரோலக்ஸில் ஐ30, வேறு சிலவற்றில் ஈ4. ஆஃப் செய்தாலும் உள்ளே ஒரு பம்ப் விடாமல் உறுமுகிறது. தரையிலோ சொட்டு ஈரம் கிடையாது.

தரை காய்ந்திருப்பதால்தான் பலரும் குழம்பிப்போகிறார்கள். கசிந்த தண்ணீர் தரைக்கு வராது. இயந்திரத்துக்கு அடியில் இருக்கும் ஆழமில்லாத அடித்தட்டில் தேங்கும். அந்தத் தட்டில் தெர்மோகோல் மிதவை ஒன்று இருக்கிறது. சில டம்ளர் தண்ணீர் சேர்ந்தாலே மிதவை எழும்பி, மேலே உள்ள சின்ன சுவிட்சைத் தட்டும். உடனே தண்ணீர் வரும் வால்வு மூடிக்கொள்ளும், வெளியேற்றும் பம்ப் ஓடத் தொடங்கும். தட்டு காயும்வரை பம்ப் நிற்காது. வீடு நனையாமல் இருக்கச் செய்த ஏற்பாடு இது.

இதற்குப் பரவலாகச் சொல்லப்படும் வைத்தியம், இயந்திரத்தைச் சாய்த்துத் தண்ணீரைக் கொட்டிவிடுவது. கொட்டினால் மிதவை இறங்கும், அறிவிப்பு மறையும், இயந்திரம் ஓடும். ஆனால் கசிந்த இடம் அப்படியே இருக்கிறது. நாலு நாளில் மறுபடி நிற்கும். அதைவிட மோசம், சாய்க்கும்போது தண்ணீர் மின்சாரப் பாகங்கள் மேல் வழியலாம். முதலில் பிளக்கைப் பிடுங்க வேண்டும், குழாயை மூட வேண்டும். பிறகு முன்பக்கம் கீழே உள்ள தகட்டைக் கழற்றி, ஸ்பாஞ்சால் ஒற்றி எடுப்பதே நல்லது. எடுக்கும் தண்ணீரைக் கீழே ஊற்றிவிடாதீர்கள். எங்கே ஓட்டை என்று அந்தத் தண்ணீரே சொல்லும்.

டெல்டாவில் வயல் பார்க்கிறவர்களுக்கு இது புதிதல்ல. வரப்பில் கசிவு கண்டால் அவர்கள் முதலில் பார்ப்பது தண்ணீரின் நிறத்தை. தெளிவாக வந்தால் மண்ணில் ஊறி வருகிறது, பொறுக்கலாம். கலங்கி வந்தால் உள்ளே நண்டு வளையோ எலி வளையோ வாய்விட்டிருக்கிறது. மண்ணை அரித்துக்கொண்டு வருகிறது, உடனே அடைக்க வேண்டும். அடித்தட்டுத் தண்ணீரையும் அப்படித்தான் பார்க்க வேண்டும். பளிச்சென்று இருந்தால் கசிவு தண்ணீர் உள்ளே வரும் பக்கம்: குழாய் இணைப்பு, வாஷர், வால்வு. சாம்பார் வாடையும் எண்ணெய்ப் பிசுக்கும் இருந்தால் கழுவும் தொட்டி, கதவு ரப்பர் அல்லது வெளியேற்றும் ஹோஸ். நுரை இருந்தால் ஓட்டையே இல்லாமலும் இருக்கலாம்.

நுரையைக் கொஞ்சம் விரிவாகவே பார்க்க வேண்டும், ஏனென்றால் நம் சமையலறைப் பழக்கம் அதில் சிக்கியிருக்கிறது. 1886இல் அமெரிக்காவில் ஜோசஃபின் காக்ரேன் காப்புரிமை பெற்ற இயந்திரத்திலிருந்து இன்றுவரை தத்துவம் ஒன்றுதான்: பாத்திரத்தைத் தேய்ப்பதில்லை, தண்ணீரைப் பீய்ச்சி அடிப்பது. கையால் தேய்க்கும் சோப்பு நுரைப்பதற்கென்றே செய்யப்பட்டது. அதில் துளி உள்ளே போனாலும், பீய்ச்சும் வேகத்தில் நுரை தொட்டியை நிறைத்து, கதவின் கீழ் விளிம்பைத் தாண்டி அடித்தட்டில் இறங்கிவிடும். இயந்திரத்துக்கான பொடியில் நுரை வராத வகைச் சேர்மங்களும், சோடாவும், மாவுச்சத்தையும் புரதத்தையும் உடைக்கும் நொதிகளும் இருக்கின்றன. சோப்புக் கட்டியால் ஒரு தேய் தேய்த்து, அலசாமல் உள்ளே வைப்பது நல்லெண்ணத்தில் செய்கிற தவறு.

இட்லி மாவுப் பாத்திரமும் துணை போகும். உளுந்தின் புரதமும் பிசுபிசுப்பான சர்க்கரைப் பொருளும் காற்றைப் பிடித்துவைப்பதால்தான் மாவு பொங்குகிறது. வழித்தெடுக்காமல் வைத்தால் அதே வேலையை அது தொட்டிக்குள்ளும் செய்யும். நுரை வந்துவிட்டால் கதவைத் திறந்து அடங்க விட்டு, பச்சைத் தண்ணீர் ஊற்றி, வெளியேற்றும் சுற்றை மட்டும் ஓட்ட வேண்டும், நுரை போகும்வரை.

நெல் விளையும் நாட்டில் அடுத்த சந்தேகம் சோற்றின் மேல்தான் விழ வேண்டும். தொட்டியின் அடியில் உள்ள சல்லடையைத் திருகி எடுத்துப் பாருங்கள். ஊறி உப்பிய பருக்கைகள், ஒரு கறிவேப்பிலை, கடுகு, எல்லாவற்றையும் பூசி மெழுகிய கஞ்சிப் படலம். சூட்டில் மாவுச்சத்து தண்ணீரை உறிஞ்சிக் கூழாகிறது; ஆறிக் காயும்போது சல்லடைக் கண்களில் ஒட்டுகிறது. தண்ணீர் முழுதாக வெளியேறாமல் நிற்க, அடுத்த சுற்றின் தண்ணீர் அதன்மேல் ஏறி, மட்டம் கூடி விளிம்பு வழிகிறது. வாரம் ஒருமுறை பழைய பல் துலக்கும் பிரஷ் போதும். கம்பி நார் வேண்டாம்.

நம் வீடுகளுக்கே உரிய இன்னொரு காரணம் வாட்டம். பாத்திரம் துலக்கும் இடத்தில் தண்ணீர் ஓட வேண்டும் என்று கொத்தனார் தரையை வாட்டமாகப் பூசியிருப்பார். அது நல்ல வேலை. ஆனால் அதன்மேல் நிற்கும் இயந்திரம் முன்னால் சாய்ந்தால் கழுவும் தண்ணீர் கதவோரம் சேரும். மேலும், மற்ற மூன்று பக்கமும் தடித்த ரப்பர் இருக்கும் பல மாடல்களில், கதவின் கீழ் விளிம்பில் மெல்லிய ரப்பர் உதடுதான். கொத்தனார் வைத்திருக்கும் ரசமட்டத்தையே வாங்கி, தொட்டியின் உள்விளிம்பில் நெடுக்கும் குறுக்கும் வைத்துப் பார்த்து, கால்களைத் திருகிச் சரிசெய்யலாம். குழம்புக் குண்டானை வைத்த கோணமும் கவனிக்க வேண்டியது: அதன் வளைவில் பட்ட தண்ணீர் நேரே கதவு மூலைக்குத் திரும்பும்.

இனி எலி. சம்பா அறுவடை முடிந்து தை, மாசியில் வயல் வெறுமையானதும் எலிகள் வரப்பிலும் வைக்கோல் போரிலும் வீட்டிலும் ஒதுங்கும். மூங்கிலில் செய்த தஞ்சாவூர்க் கிட்டியை வேளாண் துறையினர் இன்றும் பரிந்துரைக்கும் அளவுக்கு இந்த வட்டாரத்தில் எலித் தொல்லை பழையது. எலியின் முன்பற்கள் வாழ்நாள் முழுக்க வளர்ந்துகொண்டே இருப்பதால் எதையாவது கொறித்துத் தேய்த்தாக வேண்டும். சாப்பாட்டு வாடை வீசும் பிளாஸ்டிக் ஹோஸ் அதற்குத் தோதான பொருள். ஹோஸைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் திருப்பினால், மடிப்பின் மேட்டில் அக்கம்பக்கமாக இரண்டு இணைக்கோடுகள் தெரியும். நடுவே ஊசி முனைத் துளை. கழுவும்போது ஒன்றும் கசியாது. தண்ணீரை வெளியே தள்ளும் ஓரிரு நிமிடங்களில் மட்டும் பீறிடும். டேப் சுற்றுவது பயன்படாது: வெந்நீரிலும் அழுத்தத்திலும் பசை விட்டுவிடும். ஹோஸையே மாற்றி, சுவரில் அது வெளியேறும் துவாரத்தைச் சுற்றிக் கம்பி வலை வைத்து அடைக்க வேண்டும். ஹோஸைக் கடித்த எலி வயரை விட்டுவைத்திருக்கும் என்று நம்ப முடியாது. பிளக் போடும் முன் வயர்களையும் பாருங்கள்.

நாகை, வேதாரண்யம் பக்கம் போர் தண்ணீரில் உப்பும் கடினத்தன்மையும் அதிகம். சுண்ணாம்புப் படிவு ரப்பரில் ஏறினால் அது சரியாகப் பொருந்தாது. தண்ணீரை மென்மையாக்க இயந்திரத்துக்குள் ஒரு பிசின் அடுக்கு உண்டு. அதற்கு உப்பு போட வேண்டும். வேதாரண்யத்துக் கல்லுப்பு இருக்க விலை கொடுத்துத் தனி உப்பு வாங்குவானேன் என்று தோன்றும். கடல் உப்பில் கால்சியமும் மெக்னீசியமும் இருக்கின்றன. பிசின் நீக்க வேண்டியவையே அவைதான். தனி உப்பையே போடுங்கள்.

தண்ணீரின் நிறத்தில் விடை கிடைக்காவிட்டால், முன் தகட்டைக் கழற்றிய நிலையில், மின்பாகங்களைத் தொடாமல் அடித்தட்டில் செய்தித்தாளை விரித்து, பாத்திரமின்றி ஒரு சுற்று ஓட்டிப் பார்க்கலாம். எந்த மூலை முதலில் நனைகிறது, நிரம்பும்போதா, கழுவும்போதா, வெளியேற்றும்போதா என்று குறித்துக்கொள்ளுங்கள். கழுவும்போது நடுவில் நனைந்தால் பெரும்பாலும் பம்ப் சீல். அது மெக்கானிக் வேலை.

தட்டும் தாளும் காய்ந்திருந்தும் அறிவிப்பு போகவில்லையென்றால் சந்தேகிக்க வேண்டியது மிதவையைத்தான். பிளக்கைப் பிடுங்கிவிட்டு விரலால் மெல்ல உயர்த்தி விடுங்கள். பிசுக்கில் ஒட்டியிருந்தால் விடுபட்டு, கீழே விழும்போது சுவிட்சின் ‘டிக்’ ஒலி கேட்கும். கேட்காவிட்டால் சுவிட்ச் துருப்பிடித்திருக்கலாம். கடற்காற்று படும் ஊர்களில் அது எளிதில் நடக்கும். சின்ன உதிரிப்பாகம்தான், மெக்கானிக்கிடம் சொல்லி மாற்றிவிடலாம்.