சிதறால் தோட்டங்களுக்கு வானிலை சொல்வது எப்படி?

2025-இல் தென்மேற்குப் பருவமழை மே 24 அன்றே கேரளத்தில் தொடங்கிவிட்டது. வழக்கமான தேதி ஜூன் 1. 2009-க்குப் பிறகு இவ்வளவு முன்கூட்டி அது வந்ததில்லை. நகரத்தில் இருப்பவர்களுக்கு வெயில் தணிந்த நிம்மதி. கன்னியாகுமரி மாவட்டம் சிதறால் சுற்றுவட்டாரத்து ரப்பர் விவசாயிக்கோ, கைநழுவிய அந்த எட்டு நாள்தான் மரத்துக்கு மருந்தடிக்க மிச்சமிருந்த நாள்.

காரணம் எளிமையானது. தொடர்மழையில் பைட்டோப்தோரா என்ற, பூஞ்சை போன்ற நுண்ணுயிரி ரப்பர் மரத்தைத் தாக்கும். ஜூன், ஜூலையில் இலைகள் பச்சையாகவே உதிரும். உதிர்ந்த இலையின் காம்பில் கறுத்த புண்ணும், அதன் நடுவே உறைந்த பால்துளியும் இருந்தால் நோய் இதுதான். இலை போனால் பால் குறையும். இதைத் தடுக்க மழைக்கு முன்பே துரிசும் சுண்ணாம்பும் சேர்ந்த போர்டோ கலவையையோ, எண்ணெயில் கலந்த காப்பர் ஆக்சிகுளோரைடையோ இலைகளில் படியும்படி தெளிக்க வேண்டும். ஏப்ரலில் அடித்தால் அதற்குப் பிறகு வரும் தளிருக்குக் காப்பு இருக்காது. ஜூனில் அடிக்க நினைத்தால் மழை விடாது. இடையில் உள்ள மே மாதத்திலும் கோடை இடிமழை பிற்பகல்களைப் பிடித்துக்கொள்ளும். தெளிப்பான் வாடகைக்குக் கிடைக்க வேண்டும், ஆள் கிடைக்க வேண்டும், வானமும் சில மணி நேரமாவது தெளிந்திருக்க வேண்டும். மூன்றும் ஒன்றுசேரும் நாள்கள் கைவிரல்களில் எண்ணிவிடக் கூடியவை.

2023-இல் பருவமழை ஜூன் 8 அன்று தொடங்கியது, 2024-இல் மே 30 அன்று, 2025-இல் மே 24 அன்று. மூன்றே ஆண்டுகளில் பதினைந்து நாள் வித்தியாசம். மலையாள மாதக் கணக்கில் இடவப்பாதியில் மழை வரும், திருவாதிரை ஞாற்றுவேலையில் நட்டது எல்லாம் பிடிக்கும் என்று பஞ்சாங்கத்தை நம்பி வேலையை வகுத்த தலைமுறையின் அறிவு பொய்யானதல்ல. அது நீண்டகாலச் சராசரியைப் பற்றிய அறிவு. இந்த வருடத்து மே மூன்றாவது வாரத்தில் என்ன நடக்கும் என்பதற்கு வேறொரு ஆள் தேவைப்படுகிறார். அவர்தான் வேளாண் வானிலை வல்லுநர்.

மார்த்தாண்டத்திலிருந்து ஏழு கிலோமீட்டர் அளவில் இருக்கும் சிதறாலைப் பலரும் சமணச் சிற்பங்களுக்காக அறிவார்கள். ஒன்பதாம் நூற்றாண்டுக் கல்வெட்டும் தீர்த்தங்கரர் புடைப்புச் சிற்பங்களும் உள்ள திருச்சாரணத்து மலை அது. மேலே நின்றால் கிழக்கிலும் வடக்கிலும் மேற்குத் தொடர்ச்சி மலை தெரியும், கீழே தென்னையும் ரப்பரும் வாழையும் மரச்சீனியும் (மரவள்ளி) கலந்த சரிவுகள் தெரியும். வேளாண் வானிலையின் சிக்கல் முழுவதையும் அந்தக் காட்சியிலேயே படித்துவிடலாம். மலைக்கும் கடலுக்கும் இடையே மிகக் குறைந்த தூரம். தமிழ்நாட்டின் பெரும்பாலான இடங்களில் ஒரு பருவமழையே பிரதானம் என்றால், இங்கே தென்மேற்கும் வடகிழக்கும் இரண்டுமே பெய்யும். வேளாண் காலநிலைப் பிரிவுகளில் கன்னியாகுமரிக்குத் தனியாக ‘அதிக மழைப் பகுதி’ என்ற இடம் தரப்பட்டிருப்பதும் இதனால்தான். மாவட்டத்துக்குள்ளேயே தோவாளைப் பக்கத்து மழையளவை வைத்து குலசேகரத்துத் தோட்டத்துக்குப் பேச முடியாது.

இந்தத் துறை நமக்குப் புதிதல்ல. 1932-இல் புனேயில் இந்திய வானிலைத் துறையின் வேளாண் வானிலைப் பிரிவு தொடங்கியது. அதைக் கட்டியெழுப்பியவர் பாலக்காட்டைச் சேர்ந்த எல்.ஏ. ராம்தாஸ். தரையை ஒட்டிய காற்று இரவில் எப்படிக் குளிர்கிறது என்று அவர் அளந்து கண்டது இன்றும் உலகப் பாடநூல்களில் அவர் பெயராலேயே வழங்குகிறது. 1945-இல் வானொலியில் உழவர்களுக்கான வானிலை அறிக்கை தொடங்கியது. தொண்ணூறுகளில் நாடு முழுவதும் வேளாண் காலநிலைப் பகுதிகள்தோறும் களப்பிரிவுகள் வந்தன, 2008 முதல் ஆலோசனை மாவட்ட அளவுக்கு இறங்கியது. கன்னியாகுமரிக்கான களப்பிரிவு பேச்சிப்பாறைத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்தில் இருக்கிறது. பயிர் பற்றிய விஷயங்களுக்குத் திருப்பதிசாரத்தில் வேளாண் ஆராய்ச்சி நிலையமும் வேளாண் அறிவியல் நிலையமும் உள்ளன.

வாரத்தில் செவ்வாயும் வெள்ளியும் அறிக்கை வெளியாகும். வானிலைத் துறை அடுத்த ஐந்து நாளுக்கான எண்களைத் தரும்: மழை, அதிகபட்ச, குறைந்தபட்ச வெப்பம், மேகம், காற்றின் ஈரப்பதம், காற்றின் வேகம், திசை. கோவையில் உள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் மாநிலத்தின் 385 வட்டாரங்களில் தானியங்கி வானிலை நிலையங்களின் வலைப்பின்னலை அமைத்திருக்கிறது. மண்ணின் ஈரம், மண்ணின் வெப்பம், இலை எவ்வளவு நேரம் நனைந்திருக்கிறது என்பதையும் அவை அளக்கும். பைட்டோப்தோரா போன்ற நோய்க்கிருமிக்கு இலையின் ஈரம்தான் வாசல் என்பதால், ரப்பர் நாட்டில் அந்த அளவுக்கு மதிப்பு அதிகம்.

எண்கள் வந்து சேர்ந்த பிறகுதான் வல்லுநரின் வேலை தொடங்குகிறது. ‘வியாழக்கிழமை 40 மில்லிமீட்டர் மழை’ என்பது செய்தி. அந்த மழைக்கு முன்னால் சிதறாலில் என்ன செய்ய வேண்டும் என்பது ஆலோசனை. பால்வெட்டு நடக்கும் தோட்டமா, மரத்தில் மழைத் தடுப்பு (ரெயின் கார்டு) ஒட்டியாகிவிட்டதா, வாழையில் குலை தள்ளிவிட்டதா, மரச்சீனிக்கு உரம் வைக்கும் நேரமா என்று பார்க்காமல் அதைச் சொல்ல முடியாது. உரம் வைத்த மறுநாள் கனமழை என்றால் அந்த உரம் சரிவில் இறங்கி ஓடைக்குப் போய்விடும். ஒரு ஏக்கரில் ஒரு சென்டிமீட்டர் மழை என்பது ஏறத்தாழ நாற்பதாயிரம் லிட்டர் தண்ணீர். சரிவான நிலத்தில் அது எதையெல்லாம் அடித்துக்கொண்டு போகும் என்பதை மலையடிவாரத்துக்காரர்களுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

இதில் பலருக்கும் பிடிபடாத இடம் ஒன்று உண்டு. முன்னறிவிப்பு என்பது எப்போதும் வாய்ப்பைப் பற்றிய பேச்சு. பலத்த காற்றுக்கு ஐந்தில் ஒரு பங்கு வாய்ப்பு என்று வைத்துக்கொள்வோம். அதைக் கேட்டு வாழைக்கு முட்டுக் கொடுக்கலாமா? ஒரு மரத்துக்கு முட்டுக்கும் கூலிக்கும் முப்பது ரூபாய் ஆகிறது, சாய்ந்தால் முந்நூறு ரூபாய்க் குலை போய்விடுகிறது என்று கணக்குக்கு எடுத்துக்கொண்டால், பத்தில் ஒரு பங்குக்கு மேல் வாய்ப்பு இருந்தாலே முட்டுக் கொடுப்பது லாபம். ஆக, நான்கு முறை காற்று வராமல் போனாலும் அந்த ஆலோசனை தவறில்லை. மருந்து தெளிப்பில் கணக்கு மாறும். விலையுயர்ந்த மருந்தை அடித்து இரண்டு மணி நேரத்தில் மழை வந்து கழுவினால் பணமும் ஆள்கூலியும் போச்சு. அதே சமயம் பருவமழைக்கு இன்னும் ஒரு வாரம்தான் இருக்கிறது என்றால், மழைக்கு ஓரளவு வாய்ப்பு இருந்தாலும் காலையிலேயே துணிந்து அடித்துவிட வேண்டும். ஒரே எண் இரண்டு பயிர்களுக்கு இரண்டு முடிவு தருகிறது. இதை ஒவ்வொரு வாரமும் ஒவ்வொரு பயிருக்கும் யோசித்துச் சொல்பவரைத்தான் நான் இந்தக் கட்டுரையில் வல்லுநர் என்கிறேன். எண்ணை மட்டும் அனுப்புவதற்குக் கைபேசிச் செயலியே போதும்.

இங்கே தேனும் இந்தக் கணக்குக்குள் வரும். மார்த்தாண்டம் வட்டாரத்தில் தேனீ வளர்ப்புக்கு நீண்ட வரலாறு உண்டு. ரப்பர் மரம் குளிர்காலத்தில் இலையுதிர்த்துவிட்டு, பிப்ரவரி வாக்கில் தளிர்க்கும். அந்த இளம் இலைக்காம்புகளில் உள்ள சுரப்பிகளில் ஊறும் இனிப்பு நீர்தான் இந்தப் பகுதித் தேனில் பெரும்பங்கு. பூவிலிருந்து அல்ல, இலையிலிருந்து வரும் தேன். அந்த வாரங்களில் மழையும் மேகமூட்டமுமாக இருந்தால் தேனீ வெளியே போகாது, சுரப்பதையும் மழை கழுவிவிடும். பனியும் ஈரமும் கூடினால் தளிரில் சாம்பல் நோய் விழுந்து இலையே கொட்டிவிடும். ரப்பர்க்காரர் அதற்கு மருந்து அடிக்க விரும்புவார், தேனீப் பெட்டி வைத்திருப்பவர் அஞ்சுவார். என்றைக்கு, எந்த நேரத்தில் அடித்தால் இருவருக்கும் இடைஞ்சல் குறையும் என்று சொல்ல ஒருவர் வேண்டும். பயிர்வாரியாகப் பிரித்து எழுதப்படும் அறிக்கைகளில் இந்த இரண்டும் ஒரே பத்தியில் வர வேண்டும் என்பது என் ஆசை.

வெட்டுத் தொழிலாளியையும் மறக்கக் கூடாது. விடிவதற்கு முன்பே மரத்தில் அழுத்தம் கூடியிருக்கும்போது பால்வெட்ட வேண்டும். பட்டை நனைந்திருந்தால் வெட்ட முடியாது, வெட்டியபின் மழை பிடித்தால் சிரட்டையில் விழுந்த பாலும் வீண். வெட்டு இல்லாத நாளுக்குக் கூலியும் இல்லை. நாளை அதிகாலை மழை வருமா என்ற கேள்விக்கு அவர்களுக்கு முந்தின நாள் மாலையிலேயே பதில் வேண்டும். ஐந்து நாள் மொத்த மழையளவு அவர்களுக்கு உதவாது.

காலநிலை மாற்றம் இதையெல்லாம் இன்னும் கடினமாக்குகிறது. காற்று ஒரு டிகிரி சூடேறினால் அது தாங்கும் நீராவி சுமார் ஏழு சதவீதம் கூடும். பெய்யும்போது கொட்டித் தீர்ப்பதும், இடையில் நீண்ட நாள் காய்வதும் அதன் விளைவு. 2023 டிசம்பர் 18 காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் சுமார் 95 சென்டிமீட்டர் பெய்தது. வானிலைத் துறையின் மழை வகைகளில் மிக உயர்ந்ததான ‘அதிகனமழை’ 20.4 சென்டிமீட்டரைத் தாண்டினால் தொடங்குகிறது. 21 சென்டிமீட்டருக்கும் 95 சென்டிமீட்டருக்கும் ஒரே சொல், ஒரே சிவப்பு நிறம். விவசாயிக்கு இந்த இரண்டும் ஒன்றாகாது.

2017-இல் ஒக்கி புயல் இன்னொரு பாடம் தந்தது. நவம்பர் 29 அன்று இலங்கைக்குத் தென்கிழக்கே தாழ்வு மண்டலமாக இருந்தது, மறுநாள் காலை குமரிக் கடலில் புயலாகியது. கடலில் மீனவர்கள் பட்ட துயரம் நாடே அறிந்தது. கரையில் வாழையும் ரப்பரும் தென்னையும் கூட்டம் கூட்டமாகச் சாய்ந்தன. வாழையை அடுத்த ஆண்டு நட்டு எடுத்துவிடலாம். ரப்பர் நட்டுப் பால்வெட்டுக்கு வர ஏழு ஆண்டு ஆகும். ஒரே நாளில் புயலாகும் ஒன்றுக்கு எதிராக ஐந்து நாள் முன்னறிவிப்பு செய்யக் கூடியது குறைவு. அங்கே வல்லுநர் பேச வேண்டியது பல ஆண்டுத் திட்டத்தைப் பற்றி: காற்று அடிக்கும் சரிவில் எதை நடுவது, இளம் ரப்பருக்கிடையே கைதச்சக்கையும் (அன்னாசி) வாழையும் வைத்து அந்த ஏழு ஆண்டு வருமானத்தை எப்படிப் பிரிப்பது, மழைநீரை நிறுத்தி இறக்கும் குழிகளை எங்கே வெட்டுவது, வெறும் மண்ணை மூடப் படரும் பயறுவகைக் கொடியை எப்போது போடுவது.

கணிப்பு மாதிரிகளின் நுணுக்கம் கூடிவருகிறது. முன்பு சுமார் 12 கிலோமீட்டர் கட்டங்களாகப் பார்த்தது, 2025 மே மாதம் அறிமுகமான பாரத் முன்னறிவிப்பு அமைப்பில் 6 கிலோமீட்டராகியிருக்கிறது. 2024 அக்டோபரில் ஊராட்சி அளவிலான முன்னறிவிப்பும் தொடங்கியது. இவை பெரிய முன்னேற்றங்கள். ஆனால் அதே 2024-இன் தொடக்கத்தில், 2018 முதல் வேளாண் அறிவியல் நிலையங்களில் இயங்கிய 199 மாவட்ட வேளாண் வானிலைப் பிரிவுகள் மூடப்பட்டன. கணினி நுணுக்கமாகிக்கொண்டிருக்கும் காலத்தில், அந்த எண்ணை விவசாயியின் மொழியில் சொல்லும் ஆட்களைக் குறைத்தது பெரும் பிழை என்றே நினைக்கிறேன். வேளாண் அறிவியலாளர் எம்.எஸ். சுவாமிநாதன் ஊராட்சிக்கு ஓர் ஆண், ஒரு பெண் என்று காலநிலை இடர் மேலாளர்களைப் பயிற்றுவிக்க வேண்டும் என்று வலியுறுத்திவந்தார். மாவட்டத்துக்கு ஒருவரையே வைத்திருக்கத் தயங்கும்போது அந்தக் கோரிக்கை இன்னும் அவசரமாகிறது.

வானிலை சார்ந்த பயிர்க் காப்பீட்டிலும் இதே சிக்கல் வருகிறது. 2016-இல் மறுசீரமைக்கப்பட்ட திட்டத்தில், குறிப்பிட்ட வானிலை நிலையத்தில் பதிவான மழையும் காற்றும் வெப்பமும் வரம்பைத் தாண்டினால்தான் இழப்பீடு. நிலையம் சமவெளியிலும் தோட்டம் மலைச்சரிவிலும் இருந்தால், மரம் விழுந்தும் பணம் வராமல் போகலாம். குமரியின் ஒன்பது வட்டாரங்களுக்கு ஒன்பது நிலையங்கள் போதாது என்று அரசிடம் கேட்பதற்கு இது ஒன்றே போதுமான காரணம்.

அதுவரை விவசாயிகள் செய்யக் கூடியது இருக்கிறது. மேக்தூத் செயலியில் மாவட்டத்தையும் தமிழையும் தேர்ந்தெடுத்தால் செவ்வாய், வெள்ளி அறிக்கைகள் கைபேசிக்கே வரும். சாதாரண மழைமானி ஒன்றைத் திறந்த வெளியில், மரத்திலிருந்தும் கூரையிலிருந்தும் தள்ளி நட்டு, தினமும் காலை எட்டரை மணிக்கு அளவை எழுதலாம். வானிலைத் துறையும் அதே நேரத்தில்தான் அளக்கிறது. ரப்பர் உற்பத்தியாளர் சங்கத்தில் பத்துப் பேர் இப்படி எழுதி வாட்ஸ்அப் குழுவில் பகிர்ந்தால், எந்தச் சரிவில் அறிக்கையைவிடக் கூடுதலாகப் பெய்கிறது, எதில் குறைவாகப் பெய்கிறது என்பது இரண்டு பருவத்தில் தெரிந்துவிடும். அந்தக் குறிப்பேட்டைப் பேச்சிப்பாறைக்குக் கொண்டுபோனால், அங்கே இருப்பவர்கள் அடுத்த மே மாதத்துக்கான ஆலோசனையைச் சிதறாலுக்கென்றே எழுத முடியும்.