பையின் பாரம் பிள்ளையின் காலில்

பிள்ளை பயணம் போகிறான் என்றால் தாய்க்கு முதலில் ஞாபகம் வருவது அவனுடைய வயிறுதான். எனக்கும் அப்படித்தான் வந்தது. அதனால்தான் அவன் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடக்க நேர்ந்தது என்பதைச் சொல்லிவிட்டே இதைத் தொடங்க வேண்டும்.

2022ஆம் ஆண்டு ஜூலை மாதம். பெற்றோல் வரிசையில் வாகனங்கள் நாட்கணக்கில் கிடந்த காலம் உங்களுக்கும் மறந்திருக்காது. உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு வீட்டில் இருந்த மூத்த மகன், "உம்மா, நானும் மச்சானும் சைக்கிளிலேயே ஏறாவூருக்குப் போய் வரப் போறோம்" என்றான். மச்சான் என்றது என் தம்பியின் மகனை. ஏறாவூரில் என் ராத்தா இருக்கிறார். எங்கள் அக்குறணையிலிருந்து கண்டி, தெல்தெனிய, ஹுன்னஸ்கிரிய, மஹியங்கனை, மஹாஓயா, செங்கலடி என்று போனால் கிட்டத்தட்ட இருநூறு கிலோமீற்றர். பிள்ளைகளின் வாப்பா முதலில் மறுத்து, பிறகு மௌனமானார். அந்த மௌனத்தைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டோம்.

நான் விடியற்காலை மூன்று மணிக்கு எழும்பி புரியாணி சமைத்தேன். சுடச்சுட லஞ்ச் ஷீட்டில் சுற்றி, டப்பாவில் அடைத்து, ஆளுக்கு இரண்டு பார்சல். வட்டிலப்பம் ஒரு டப்பா, ஊறுகாய்ப் போத்தல், மண்ணெண்ணெய் அடுப்பு, பீங்கான் கோப்பை, இரண்டு போர்வை. பின் கெரியரில் கட்டியது போதாமல் முதுகிலும் ஒரு பை. பதினான்கு கிலோவுக்குக் குறையாது. மகன் சைக்கிளைத் தூக்கி நிறுத்தவே சிரமப்பட்டான். "பாரமா இருக்கு உம்மா" என்றான். "பசிச்சா தெரியும்" என்று நான் வாயை அடைத்துவிட்டேன்.

தெல்தெனியவைத் தாண்டி ஹுன்னஸ்கிரிய வரை ஏற்றம். பாதி வழி தள்ளிக்கொண்டே போனார்களாம். பிற்பகல் இரண்டு மணிக்குப் பார்சலை அவிழ்த்துச் சாப்பிட்டார்கள். பதினெட்டு வளைவு இறங்கி ஹசலக்கவை நெருங்கும்போது மகனுக்கு வாந்தி தொடங்கிவிட்டது. மயங்கி விழப்போனவனைத் தாங்கிப் பிடித்தது ஒரு சிங்களக் குடும்பம். அந்த அம்மா செவ்விளநீர் வெட்டிக் கொடுத்து, தன் மகனை அனுப்பி முச்சக்கர வண்டி பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் விட்டார். பெற்றோல் இல்லாத அந்த நாளில் அவர் அதை எங்கே தேடினாரோ, அல்லாஹ் அவருக்கு நற்கூலி கொடுப்பானாக. இரவு முழுவதும் சேலைன் ஏறியது. பயணம் அங்கேயே முடிந்தது.

டாக்டர் சொன்ன காரணம் எனக்குப் புதிது. அரிசியில் இருக்கும் ஒருவகைக் கிருமியின் வித்துக்கள் சோறு வேகும் சூட்டிலும் சாவதில்லை. சமைத்த சோறு மணிக்கணக்கில் வெதுவெதுப்பாகக் கிடந்தால் அவை முளைத்துப் பெருகி நஞ்சை உண்டாக்கும். பிறகு எவ்வளவு சூடாக்கினாலும் அந்த நஞ்சு அழியாது. வெயில் நாளில் ஓரிரு மணித்தியாலத்துக்கு மேல் வெளியில் வைத்த சோற்றை நம்பக் கூடாது. நான் அதைக் காலையில் கட்டி, காற்றுப் புகாமல் மூடி, வெயிலில் அனுப்பியிருக்கிறேன். பாடசாலைக்கும் வேலைக்கும் சோற்றுப் பார்சல் கட்டும் சகோதரிகளும் இதைக் கொஞ்சம் யோசியுங்கள்.

இரண்டு வருடம் கழித்து, 2024இல், அதே இருவரும் அதே பாதையைத் திரும்பவும் கேட்டார்கள். இம்முறை நான் மறுக்கவில்லை. ஆனால் பையைக் கட்டும் பொறுப்பை என் கையிலிருந்து மகள் வாங்கிக்கொண்டாள். சமையலறைத் தராசை மேசையில் வைத்து, ஒவ்வொரு பொருளையும் நிறுத்து கொப்பியில் எழுதினாள். எழுதியதைப் பார்த்தபோதுதான் எனக்கு வெட்கம் வந்தது. சமைத்த சோற்றில் மூன்றில் இரண்டு பங்கு தண்ணீர்தான். வழியெல்லாம் கிணறும் குழாயும் இருக்க, நான் அந்தத் தண்ணீரை மலை மேல் ஏற்றச் சொல்லியிருக்கிறேன்! நூறு கிராம் சோற்றில் 130 கலோரி. அதே நூறு கிராம் பேரீச்சம்பழத்தில் 280 அளவில், கச்சானில் 570 அளவில். பாரத்தோடு சைக்கிள் மிதிப்பவனுக்கு ஒரு மணித்தியாலத்துக்கு 400 முதல் 600 கலோரி வரை செலவாகும். எதைக் கொடுத்து அனுப்புவது என்று இனி யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

இப்போது இளைஞர்கள் இப்படிப் போவதை 'பைக்பேக்கிங்' என்கிறார்கள். கெரியரில் மூட்டையாகக் கட்டாமல், சைக்கிளின் உடம்போடு ஒட்டினாற்போல் மூன்று பைகள். ஹேண்டிலின் முன்னால் ஒரு சுருள், சட்டகத்தின் நடு முக்கோணத்தில் ஒரு பை, ஆசனத்தின் கீழே பின்னோக்கி ஒரு பை. முதுகில் எதுவும் இல்லை. கடையில் விலை கேட்டு வந்த மகன் பேசாமல் இருந்தான். நான் தையல் மெஷினைத் திறந்தேன்.

நடுப்பை தைப்பது மிகவும் சுலபம். சைக்கிளைச் சுவரில் சாய்த்து, முக்கோணத்துக்குள் ஒரு காட்போட் மட்டையைப் பிடித்து அளவு வரைந்து, சுற்றிவர ஒரு சென்றிமீற்றர் குறைத்து வெட்டிக்கொள்ள வேண்டும். அதுதான் அச்சு. பையின் அகலம் ஆறு சென்றிமீற்றருக்கு மேல் போனால் மிதிக்கும்போது முழங்கால் உராயும். நான் முதலில் எட்டு வைத்துத் தைத்து, பிரித்துத் திரும்பவும் தைத்தேன். வெளித்துணிக்கு மெல்லிய கித்தான், உள்ளே பழைய மழைக்கோட்டுத் துணி, சட்டகத்தோடு பிணைக்க வெல்க்ரோ ஒட்டுப்பட்டி. தைத்த துணி எவ்வளவுதான் நல்லதாக இருந்தாலும் ஊசித் துவாரத்தால் தண்ணீர் வரும். ஆகவே உள்ளே தடித்த பொலித்தீன் பையில் போட்டுக் கட்டிய பிறகே எதையும் வைக்க வேண்டும்.

எதை எங்கே வைப்பது என்பதிலும் விஷயம் இருக்கிறது. பாரமானவை நடுவிலும் தாழ்விலும் இருக்க வேண்டும். தண்ணீர், சாப்பாடு, பம்ப், இரண்டு டியூப், பஞ்சர் ஒட்டும் சாமான், அலன் கீ எல்லாம் நடுப்பைக்கு. ஹேண்டிலில் இடத்தை அடைக்கும் ஆனால் பாரமில்லாத கூடாரமும் விரிப்பும். ஹேண்டிலில் பாரம் ஏறினால் வளைவுகளில் சைக்கிள் சொல்வழி கேளாது. பதினெட்டு வளைவு இறக்கத்தில் அது உயிருக்கு வினை. பின்பையில் உடுப்பு. அதிலும் பாரமானதை ஆசனத் தண்டோடு ஒட்டி வைத்தால்தான் பை நாய் வால் மாதிரி ஆடாது. உடுப்பு என்று அதிகம் இல்லை. ஓட ஒன்று, படுக்க ஒன்று, மழைக்கு ஒன்று. ஒரு சாரம் போதும். அதுவே துவாய், அதுவே குளிக்கும்போது மறைப்பு, அதுவே போர்வை, துவைத்துக் காயவைத்தால் தொழுகை விரிப்பு.

இனி சாப்பாடு. கடைகள் இருக்கும்போது சமையல் எதற்கு என்று கேட்பீர்கள். மஹியங்கனையைத் தாண்டினால் எல்லா இடத்திலும் நம்பிச் சாப்பிடக்கூடிய கடை கிடைக்காது. வாழைப்பழமும் பிஸ்கட்டும் தின்றே மூன்று நாள் மிதிக்கவும் முடியாது. ஒரு நேரமாவது சூடான சாப்பாடு வேண்டும்.

அதற்கு நம் வீட்டு நோன்புக் கஞ்சியே கைகொடுத்தது. குருணலாக உடைத்த பச்சையரிசியை வெறும் சட்டியில் வறுத்துக்கொண்டேன். இருவருக்கு ஒரு பொட்டலம். ஒரு சுண்டு அரிசி, 75 கிராம் மைசூர்ப் பருப்பு, 50 கிராம் தேங்காய்ப்பால் மா, வெந்தயம், மிளகுத் தூள், மஞ்சள், உப்பு, வெயிலில் சருகாகக் காயவைத்த உள்ளியும் கறிவேப்பிலையும். ஒன்றேகால் லீற்றர் தண்ணீரில் கொட்டிக் கொதிக்கவைத்து, சில நிமிடம் கிளறி, அடுப்பை அணைத்து, சட்டியைத் துணியால் சுற்றி இருபது நிமிடம் மூடி வைத்தால் தன் சூட்டிலேயே வெந்துவிடும். எரிபொருள் மிச்சம். வீட்டில் ஒருமுறை சமைத்துப் பார்த்த பிறகுதான் பொட்டலம் கட்டினேன். முதல் தடவை அடிப்பிடித்தது. தண்ணீரின் அளவை அப்போதுதான் கண்டுபிடித்தேன்.

தொட்டுக்கொள்ள மாசிச் சம்பல். வெங்காயத்தை ஈரம் முழுவதும் போக மொறுமொறுவென்று பொரித்து, இடித்த மாசியும் காய்ந்த மிளகாயும் உப்பும் சேர்த்தால் நாட்கணக்கில் கெடாது. எலுமிச்சம்புளியை மட்டும் சாப்பிடும் நேரத்தில் பிழிய வேண்டும். வழிக்குப் பேரீச்சம்பழம், வறுத்த கச்சான், எள்ளுருண்டை, சட்டைப் பையில் எட்டும் இடத்தில்.

அடுப்பு ஸ்பிரிட் அடுப்பு. உள்ளங்கையில் அடங்கும். ஒரு பொட்டலம் கஞ்சிக்கு ஏறக்குறைய 80 மில்லிலீற்றர், பிளேன்டீக்கு 30. இரண்டு இரவு, இரண்டு காலைக்கு 300 மில்லிலீற்றர் தாராளம். ஆனால் தாய்மார் கண்டிப்பாகச் சொல்லி அனுப்ப வேண்டியவை உண்டு. ஸ்பிரிட்டின் சுவாலை பகல் வெளிச்சத்தில் கண்ணுக்குத் தெரியாது. அணைந்துவிட்டது என்று நினைத்து மேலும் ஊற்றினால் போத்தலோடு தீப்பற்றும். முற்றாக ஆறிய பிறகே ஊற்ற வேண்டும். கூடாரத்துக்குள் அடுப்பு எரிக்கவே கூடாது. நெருப்பு மட்டுமல்ல, மணமில்லாத நச்சு வாயுவும் ஆளைக் கொல்லும். அந்த ஸ்பிரிட் குடித்தால் கண்ணைப் பறிக்கும் நஞ்சு. தண்ணீர்ப் போத்தலில் ஒருபோதும் ஊற்றாதீர்கள். மகள் மருந்துப் போத்தல் ஒன்றைத் தேடி, சிவப்பு நாடா சுற்றி, சாப்பாட்டுக்கு எட்டாதபடி சட்டகத்தின் அடிப்புறத்தில் கட்டினாள்.

தண்ணீர் மணிக்கு அரை லீற்றருக்குக் குறையக் கூடாது. வெயில் ஏறினால் ஒரு லீற்றர்கூடப் போகும். கூடவே நாலு பக்கற் ஜீவனி. அது இல்லாவிட்டால் ஒரு லீற்றர் சுத்தமான தண்ணீரில் மட்டமாக ஆறு தேக்கரண்டி சீனியும் அரைத் தேக்கரண்டி உப்பும். வுழூவுக்கு மூடியில் ஊசியால் துளையிட்ட சின்னப் போத்தல் ஒன்று. நூலாக ஒழுகும் தண்ணீரில் ஒருவர் தாராளமாக வுழூச் செய்யலாம்.

மகள் இதற்கிடையில் டெர்வ்லா மேர்பி என்ற அயர்லாந்துப் பெண்ணைப் பற்றி வாசித்துவிட்டு வந்தாள். நோயாளித் தாயைப் பல வருடம் பராமரித்து, தாய் மௌத்தான பிறகு, 1963 ஜனவரியில் தன்னந்தனியாகச் சைக்கிளில் புறப்பட்டு, ஈரான், ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான் வழியாக இந்தியா வரை வந்தவர் அவர். பத்தாவது பிறந்தநாளுக்கு ஒரு சைக்கிளும் ஒரு தேசப்படப் புத்தகமும் கிடைத்தபோதே நினைத்துக்கொண்ட பயணமாம். மேலதிக டயர்களைச் சுமக்காமல், முன்கூட்டியே வழியிலுள்ள ஊர்களுக்கு அனுப்பி வைத்தாராம். அந்த யோசனை எங்களுக்கும் உதவியது. நல்ல உடுப்பையும் ராத்தாவுக்கான சாமான்களையும் பஸ்ஸில் ஏறாவூருக்கு முன்னதாக அனுப்பிவிட்டோம்.

இம்முறை கூடாரம், அடுப்பு, சட்டி மகனிடம். கருவிகளும் சாப்பாடும் மச்சானிடம். தண்ணீரைத் தவிர்த்து ஆளுக்கு ஆறு கிலோ. முதல் இரவு மஹியங்கனையில் தெரிந்தவர் வளவில், இரண்டாம் இரவு மஹாஓயாவில் ஒரு கடைக்காரரிடம் அனுமதி கேட்டு அவர் கடையின் பின்னால். மஹாஓயாவுக்கும் செங்கலடிக்கும் இடையில் யானை நடமாடும் என்பதால், பொழுது நன்றாக விடிந்த பிறகே புறப்பட வேண்டும் என்று வாப்பா சத்தியம் வாங்கியிருந்தார். கச்சான் காற்று பின்னாலிருந்து தள்ளியதால் லுஹருக்கு முன்பே ஏறாவூர். ராத்தா அழுதுகொண்டே தொலைபேசி எடுத்தார். போகும் வழியில் ஹசலக்கவில் அந்த அம்மாவின் வீட்டில் இறங்கி, நான் கொடுத்தனுப்பிய மஸ்கட் பெட்டியைக் கொடுத்திருக்கிறார்கள்.

திரும்பி வந்த அன்றே மகள் பாயை விரித்து இரண்டு பையையும் கொட்டினாள். பாவித்தவை ஒரு பக்கம், பாவிக்காதவை ஒரு பக்கம். பாவிக்காதவற்றில் இரண்டாவது டோர்ச், ஒரு சட்டை, ஒரு கரண்டி, நான் யாருக்கும் தெரியாமல் நடுப்பையின் மூலையில் திணித்து வைத்த ஊறுகாய்ப் போத்தல். நிறுத்துப் பார்த்து 410 கிராம் என்று கொப்பியில் எழுதினாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

பிறகு அந்தக் காட்போட் அச்சை எடுத்துக்கொண்டு போய்த் தன் சைக்கிளின் முக்கோணத்தில் பிடித்துப் பார்த்தாள். அவளுடையது சின்னது, மட்டையைச் சுற்றிவர வெட்ட வேண்டியிருந்தது. "உம்மா, கித்தான் மிச்சம் இருக்கா?" என்று கேட்டாள். வாப்பா பத்திரிகையிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை.