நடுக்குவாதமும் மனச்சோர்வும்

நடுக்குவாதம் கண்டவரை அவர் வீட்டார் எவ்வளவு அன்புடன் பேணினும், ஒரு விஷயத்தில் மட்டும் அவருக்கு அநீதி இழைத்துவிடுகின்றனர். கை நடுங்கினால் அது வியாதி என்கிறார்கள். எதிலும் நாட்டமின்றி, யாருடனும் பேசாமல் அவர் மூலையில் உட்கார்ந்துவிட்டாலோ, அது மனோதைரியக் குறைவு என்கிறார்கள். "மனத்தைத் திடப்படுத்திக்கொள்ளுங்கள்" என்ற உபதேசம் நாள்தோறும் நடைபெறுகிறது. இவ்வுபதேசம் பயனற்றது மட்டுமன்று. உண்மைக்கும் விரோதமானது என்பதே நமது கட்சி.

இவ்வியாதி இன்று எவர் பெயரால் வழங்குகிறதோ, அந்த ஜேம்ஸ் பார்க்கின்ஸன் 1817-இல் லண்டனில் வெளியிட்ட சிறு நூலில் ஆறு நோயாளிகளை வர்ணித்தார். (அரசியல் சீர்திருத்தம் கோரித் துண்டுப்பிரசுரங்கள் எழுதியவரும், 1794-இல் பிரிவி கவுன்ஸில் முன் விசாரிக்கப்பட்டவருமான இப்பெரியாரிடம் நமக்குத் தனி அபிமானம் உண்டு.) அவ்வறுவரில் சிலரை அவர் தெருவில் கண்டதோடு சரி. நடுக்கத்தையும் குனிந்த நடையையும் தெருவில் காணலாம். மனத்தைக் காண இயலுமோ? புலன்களும் புத்தியும் பழுதுறுவதில்லை என அவர் எழுதிவைத்தது நெடுங்காலம் வேதவாக்காக நின்றது.

2008-இல் பல ஆராய்ச்சிகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள், இந்நோயாளிகளில் நூற்றுக்குச் சுமார் 35 பேருக்குக் கவனிக்கத்தக்க சோர்வுக் குறிகள் உண்டெனவும், 17 பேருக்கு அது கடுமையானதெனவும் கணக்கிட்டனர். சிலருக்கு நடுக்கம் தோன்றுவதற்குச் சில ஆண்டுகள் முன்னரே சோர்வு வந்துவிடுகிறது. இன்னும் தெரியாத வியாதியை நினைத்து ஒருவர் வருந்துவது எவ்வாறு?

விடையின் ஒரு பகுதி ஸெரோடோனின் என்னும் பொருளில் இருக்கிறது. மூளையின் நரம்பணுக்கள் ஒன்றுக்கொன்று செய்தி அனுப்ப உபயோகிக்கும் ரஸாயனங்களுள் இதுவும் ஒன்று, டோப்பமின் மற்றொன்று. இவ்விரண்டின் சரித்திரத்தில் நமது நாட்டு மூலிகைக்கும் பங்குண்டு. சர்ப்பகந்தி வேரை இரத்தக்கொதிப்புக்கும் சித்தப்பிரமைக்கும் கொடுத்த அனுபவத்தைக் கணநாத ஸேனும் கார்த்திக் சந்திர போஸும் 1931-இல் வெளியிட்டனர். 1952-இல் ஸ்விட்ஸர்லாந்தில் அவ்வேரிலிருந்து ரிஸர்பின் பிரித்தெடுக்கப்பட்டது. அதை உட்கொண்டவர்களில் சிலருக்கு நடுக்குவாதம் போன்ற விறைப்பும், சிலருக்கு மனச்சோர்வும் கண்டன. சோர்வுக்கு அம்மருந்தே காரணமா என்பதைப் பிற்காலத்தார் ஐயுற்றதும் உண்டு. 1955-இல், அது மூளையிலுள்ள ஸெரோடோனினை வற்றச் செய்வதை அமெரிக்க ஆராய்ச்சியாளர் கண்டனர். 1957-இல் ஸ்வீடன் தேசத்து ஆர்விட் கார்ல்ஸன், ரிஸர்பினால் அசைவற்றுக் கிடந்த பிராணிகளுக்கு டோப்பமினாக மாறும் டோப்பாவைக் கொடுக்க, அவை எழுந்து நடமாடின. ஸெரோடோனினாக மாறும் பொருளுக்கு அவை எழவில்லை. அன்று முதல் டோப்பமினுக்கே ராஜமரியாதை. நோயாளிகளின் மூளையில் ஸெரோடோனினும் குறைந்திருப்பதை வியன்னாவில் ஹார்னிகீவிச் முதலியோர் 1961-லேயே அறிவித்தும், அதற்கு அத்தகைய வரவேற்புக் கிட்டவில்லை.

ஸெரோடோனினைச் சுரக்கும் அணுக்கள் பெரும்பாலும் மூளைத்தண்டின் நடுவே உள்ளன. டோப்பமின் அணுக்களை அழிக்கும் சீர்கேடு, அவற்றை எட்டுமுன்பே இவ்விடத்தைத் தொட்டுவிடுகிறது என்று ஜெர்மனியில் ஹைக்கோ பிராக் 2003-இல் எழுதினார். சோர்வு முந்தி வருவதற்கு இது பொருத்தமான விளக்கமே.

எனினும், குற்றம் முழுவதையும் ஸெரோடோனின் தலையில் சுமத்தச் சாட்சியம் போதாது. 2009-இல் 52 நோயாளிகளிடம் நடந்த பரிசோதனையில், ஸெரோடோனினைப் பெருக்கும் பராக்ஸிடின் வெறும் மாத்திரையைவிட மேலானதெனத் தெளிவாகவில்லை. பெரிதும் நாரட்ரினலின் வழியே வேலைசெய்யும் நார்ட்ரிப்டிலின்தான் குணமளித்தது. 2012-இல் 115 பேரிடம் சோதித்தபோதோ, பராக்ஸிடினும் வென்லாஃபாக்ஸினும் இரண்டுமே சோர்வைத் தணித்தன. நடுக்கத்தையும் விறைப்பையும் அவை அதிகப்படுத்தவில்லை. மருந்தின்றி, மனோதத்துவ முறைப்படி பேசிச் செய்யும் சிகிச்சையும் பலனளிப்பதை 2011-இல் கண்டனர். ஆக, காரணம் பலவாயினும் பரிகாரம் உண்டு.

பரிகாரம் பெறாமற் போவதற்குக் காரணம், சோர்வை ஒருவரும் கேட்டறியாமையே. வியாதியே முகத்தைப் பாவமற்றதாக்கி, குரலைத் தாழ்த்தி, உறக்கத்தையும் கெடுத்துவிடுவதால், துயரத்தின் அடையாளங்கள் அவற்றுள் மறைந்துபோகின்றன. கையைப் பிடித்துப் பார்க்கும் வைத்தியர், மனத்தைப் பற்றியும் இரண்டு கேள்விகள் கேட்டாலன்றி நோயாளி தாமாகச் சொல்லப்போவதில்லை. வீட்டாருக்கும் ஒரு காரியம் உண்டு. நடுக்குவாதத்துக்குத் தரப்படும் ஸெலிஜிலின், ரஸாஜிலின் என்பவற்றோடு ஸெரோடோனினைப் பெருக்கும் மருந்து கூடினால், அரிதாயினும், ஜுரமும் பிரமையும் தசைத்துடிப்பும் உண்டாவதுண்டு. நோயாளி உட்கொள்ளும் மருந்துகள் அனைத்தின் ஜாபிதாவையும் எழுதி எடுத்துச் சென்று வைத்தியரிடம் காட்ட வேண்டும்.