படிக்கும் பிள்ளைக்குத் துணையாக ஒரு செயலி



பொதுத்தேர்வுக் காலம் நெருங்கும்போது பங்குகளில் நாம் அதிகம் கேட்கும் வேண்டுதல் ஒன்று உண்டு. "ஃபாதர், பிள்ளை புத்தகத்தை எடுத்தா பத்து நிமிஷம் சேர்ந்தாப்பல உட்கார மாட்டேங்குது. செல்போன் கையை விட்டு இறங்குறதே இல்ல. கொஞ்சம் ஜெபம் பண்ணுங்க" என்பதே அது. மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு என எந்தப் பங்குக்குச் சென்றாலும் பெற்றோரின் கவலை இதுதான். இதே பங்குகளில் கணினி பயிலும் இளையோரும் இருக்கிறார்கள். படிக்கும்போது கவனம் சிதறாமல் காக்கும் செயலி ஒன்றை நாமே உருவாக்கினால் என்ன என்பது அவர்களுக்கு இயல்பாக எழும் எண்ணம். நல்ல எண்ணம்தான். ஆனால் நோய்க்குக் காரணமான பொருளையே மருந்தாகவும் கொடுக்க முடியுமா? முடியும் என்றால், அந்த மருந்து எப்படி இருக்க வேண்டும்? இதைச் சற்று எண்ணிப் பார்ப்போம்.

1. கவனம் சிதறுவது எப்படி?

செல்போனைப் பிடுங்கி அலமாரியில் பூட்டிவிட்டால் போதும் என்று சிலர் நினைக்கலாம். ஆனால் 2020ல் கொரோனாவால் பள்ளிகள் மூடப்பட்டபோது வகுப்பறையே செல்போனுக்குள் வந்துவிட்டது. அதன்பின் வீட்டுப்பாடம், ஆசிரியரின் குறிப்பு, வாட்ஸ்அப் வகுப்புக் குழு, பாடக் காணொளி எனப் பலவும் அதிலேயே தங்கிவிட்டன. பாடத்திற்காகத் திறக்கும் கதவும் விளையாட்டிற்காகத் திறக்கும் கதவும் ஒன்றாகிவிட்டதுதான் இன்றைய மாணவரின் சிக்கல்.

அந்தக் கதவுக்குள் நுழைந்தவர் எளிதில் வெளியே வராதபடி பல ஏற்பாடுகள் செய்யப்பட்டுள்ளன. பக்கம் முடிந்தது என்று நிற்கவிடாமல், விரலால் தள்ளத் தள்ள வந்துகொண்டே இருக்கும் அமைப்பை 2006ல் ஆசா ராஸ்கின் என்ற வடிவமைப்பாளர் உருவாக்கினார். பின்னாளில் அதற்காக அவரே வருந்தினார். கல்வியில் தொழில்நுட்பம் பற்றி யுனெஸ்கோ 2023ல் வெளியிட்ட அறிக்கை ஓர் ஆய்வைச் சுட்டிக்காட்டுகிறது. பாடத்திற்குத் தொடர்பில்லாத ஒன்றைப் பார்த்துவிட்டுத் திரும்பும் மாணவரின் கவனம் பழைய நிலைக்கு வர 20 நிமிடங்கள் வரை ஆகலாம் என்கிறது அது. ஒரு மணி நேரப் படிப்பில் மூன்று முறை செல்போன் 'டிங்' என்று ஒலித்தால் என்ன மிஞ்சும் என்று நாமே கணக்கிட்டுக் கொள்ளலாம். ஆகவே பிள்ளை சோம்பேறி என்று முடிவு கட்டுவதற்கு முன், அவன் யாரோடு போராடுகிறான் என்பதை அறிவது நல்லது. ஒரு பதினைந்து வயதுப் பிள்ளைக்கு எதிரே, அவன் கண்ணைப் பிடித்து வைப்பதையே தொழிலாகக் கொண்ட பெரும் நிறுவனங்கள் நிற்கின்றன.

2. மடங்கள் கண்ட வழி

கவனச் சிதறல் செல்போனோடு பிறந்ததல்ல. 4ம் நூற்றாண்டில் எகிப்தின் பாலைநிலத்தில் வாழ்ந்த துறவி எவாகிரியுஸ், சோர்வு என்னும் தீய எண்ணத்தைப் பற்றி எழுதியிருக்கிறார். அது பிடித்த துறவி நூலைக் கையில் எடுத்ததும் கொட்டாவி விடுகிறார். பக்கங்களைப் புரட்டி இன்னும் எத்தனை மீதி என்று எண்ணுகிறார். யாராவது பார்க்க வருகிறார்களா என்று வெளியே நோக்குகிறார். நம் வீட்டுப் பிள்ளையை நேரில் பார்த்து எழுதியதுபோல் இருக்கிறதல்லவா!

இதற்கு 6ம் நூற்றாண்டில் புனித பெனடிக்ட் தம் ஒழுங்குநூலில் எளிய வழிகளைத் தந்தார். வாசிப்பதற்கென்று நேரங்களைக் குறித்தார். மணி ஒலித்ததும் கையிலிருக்கும் வேலை எதுவானாலும் அப்படியே விட்டுவிட்டுச் செபத்திற்கு எழ வேண்டும் என்றார். வாசிக்கும் நேரத்தில் மூத்தவர் ஒருவரோ இருவரோ மடத்தைச் சுற்றி வந்து, யாரும் வீணே பொழுது போக்காதபடி பார்த்துக்கொள்ளச் சொன்னார். குறித்த நேரம், மணியோசை, உடனிருக்கும் மூத்தவர் ஆகிய மூன்றும் அன்றைய மருந்துகள்.

1980களின் இறுதியில் இத்தாலியில் பிரான்செஸ்கோ சிரில்லோ என்ற கல்லூரி மாணவர் படிப்பில் மனம் ஒட்டாமல் தவித்தார். சமையலறையில் பயன்படும் தக்காளி வடிவ மணிக்கடிகாரம் ஒன்றை எடுத்து, அது ஒலிக்கும்வரை மட்டும் படிப்பேன் என்று தமக்குத்தாமே நேரம் வைத்தார். 25 நிமிடம் படிப்பு, 5 நிமிடம் ஓய்வு, நான்கு சுற்றுக்குப் பின் நீண்ட ஓய்வு என்ற முறை அப்படித்தான் பிறந்தது. இத்தாலிய மொழியில் தக்காளியைக் குறிக்கும் 'பொமொடோரோ' என்ற சொல்லே அதன் பெயராயிற்று. இன்றைய கவனச் செயலிகள் பலவும் இந்த முறையை ஒட்டியே இயங்குகின்றன. மடத்து மணியும் தக்காளிக் கடிகாரமும் செய்வது ஒரே வேலைதான். 'இது வரைக்கும்' என்று ஓர் எல்லையைக் காட்டுகின்றன. எல்லை தெரிந்தால் மனித மனம் பொறுத்துக்கொள்ளும்.

3. நல்ல செயலியின் இலக்கணம்

செயலி செய்ய விரும்பும் நம் இளையோர் கருத்தில் கொள்ள வேண்டியவை சில:

அ) முதலில் ஒரு கேள்வி. "இப்போது என்ன படிக்கப் போகிறாய்?" என்று செயலி கேட்கட்டும். 'இயற்பியல்' என்று பொதுவாக எழுதாமல், 'இயற்பியல் மூன்றாம் பாடம், ஐந்து கணக்கு' என்று பிள்ளை குறிப்பாக எழுதட்டும். எங்கே போகிறோம் என்று தெரியாதவரை வழிதவறாமல் காக்க யாராலும் முடியாது.

ஆ) நேரத்தை மாணவரே தேர்ந்தெடுக்க வேண்டும். பழக்கமில்லாதவர் 15 நிமிடத்தில் தொடங்கலாம். ஓய்வு நேரத்திலும் திரை இருண்டே இருக்கட்டும். தண்ணீர் குடிக்கலாம், மாடிப்படி ஏறி இறங்கலாம். ஐந்து நிமிட ஓய்வுக்கென்று திறந்த காணொளிதான் ஐம்பது நிமிடத்தை விழுங்குகிறது.

இ) அறிவிப்புகளை நிறுத்திவைக்க வேண்டும், ஆனால் வீட்டாரின் அழைப்பு மட்டும் ஒலிக்க வேண்டும். ஆண்ட்ராய்டில் உள்ள 'டூ நாட் டிஸ்டர்ப்' வசதியைக் கொண்டே இதைச் செய்யலாம். பல வீடுகளில் பிள்ளை படிப்பது அம்மாவின் செல்போனில்தான் என்பதை மறக்கக் கூடாது.

ஈ) கதவைச் சாத்தலாம், பூட்டக் கூடாது. மாணவர் இடையில் வெளியேற நினைத்தால் பத்து விநாடி காத்திருக்கச் செய்து, "எதற்காக?" என்று மட்டும் கேட்கட்டும். கை தானாகப் போன செயலை மனம் அறிந்து செய்யும் செயலாக மாற்ற அந்தப் பத்து விநாடி உதவும்.

உ) விளம்பரம் கூடாது. இணையம் இல்லாமலும், விலை குறைந்த செல்போனிலும், தமிழிலும் இயங்க வேண்டும்.

கூகுளும் ஆப்பிளும் 2018 முதல் இத்தகைய கட்டுப்பாட்டு வசதிகளைச் செல்போனிலேயே தந்து வருகின்றன. 2014ல் தைவானிலிருந்து வெளிவந்த 'ஃபாரஸ்ட்' என்ற செயலியில், படிக்கும் நேரமெல்லாம் திரையில் ஒரு மரக்கன்று வளர்கிறது. இடையில் வேறு செயலிக்குத் தாவினால் அது பட்டுப்போகிறது. அழகான கற்பனை, பலருக்கு உதவியும் இருக்கிறது. ஆயினும் ஒரு கவனம் தேவை. மரம் எவ்வளவு வளர்ந்தது, எத்தனை புள்ளி சேர்ந்தது என்று பார்ப்பதற்காகவே பிள்ளை திரையைத் தொடத் தொடங்கினால், காவலுக்கு வைத்த ஆளே வீட்டுக்குள் குடியேறிய கதையாகிவிடும்.

4. திறவுகோல் யார் கையில்?

இதுவே நாம் மிகவும் சிந்திக்க வேண்டிய இடம். பிள்ளை என்ன பார்க்கிறான், எத்தனை நிமிடம் படித்தான் என்ற கணக்கெல்லாம் தங்கள் செல்போனுக்கு வர வேண்டும் என்று பெற்றோர் விரும்பலாம். அந்த விருப்பம் அன்பிலிருந்து பிறப்பதுதான். ஆனால் ஒளிந்திருந்து பார்க்கப்படுகிறோம் என்று அறிந்த பிள்ளை படிப்பதற்கு முன் ஏமாற்றக் கற்றுக்கொள்வான். புனித பெனடிக்ட் சொன்ன மூத்தவர் கதவிடுக்கு வழியாகப் பார்க்கவில்லை, எல்லாரும் அறிய நடந்து வந்தார். பிள்ளை தானே முன்வந்து காட்டுவதை மட்டும் பெற்றோர் காணும்படி செயலி அமையட்டும்.

நாட்டின் சட்டமும் இங்கு நமக்கு நினைவூட்டல் தருகிறது. 2023ல் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிறையாதவரைக் குழந்தை என்றே கொள்கிறது. அவர்களின் தரவைக் கையாளப் பெற்றோரின் இசைவு தேவை என்கிறது. அவர்களது நடத்தையைப் பின்தொடர்வதையும், அவர்களைக் குறிவைத்து விளம்பரம் செய்வதையும் பொதுவாகத் தடை செய்கிறது. இதற்கான விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. செயலி செய்வோருக்கு எளிய வழி ஒன்று உண்டு. தரவு எதையும் செல்போனை விட்டு வெளியே அனுப்பாமல் இருப்பதே அது.

பெற்றோருக்கும் ஒரு பங்கு இருக்கிறது. ஒரே அறையில் பிள்ளை படிக்க, பக்கத்தில் தொலைக்காட்சித் தொடர் ஓட, அப்பா செல்போனில் காணொளி பார்த்தால் எந்தச் செயலியும் பயன் தராது. அந்த 25 நிமிடம் வீட்டிலுள்ள எல்லாரின் செல்போனும் ஓய்வெடுக்கட்டும். அப்போது அது பிள்ளைக்குத் தண்டனையாக இராது, குடும்பத்தின் ஒழுங்காக இருக்கும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். கவனம் சிதறுவதற்குச் செல்போன் மட்டுமே காரணமல்ல. பசி, வீட்டுச் சண்டை, இழப்பின் துயரம், உடல்நலக் குறைவு ஆகியவையும் காரணமாகலாம். அப்படிப்பட்ட பிள்ளைக்கு 'இன்றும் நீ தோற்றாய்' என்று திரை காட்டினால் அது கொடுமை. முடிக்காத சுற்றைச் செயலி பேசாமல் விட்டுவிடட்டும். செல்போனை விடவே முடியாமல் தவிப்பவருக்கு மருத்துவ உதவி உண்டு. பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவமனை 2014 முதல் இதற்கெனத் தனிச் சிகிச்சைப் பிரிவை நடத்துகிறது. 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் கட்டணமின்றி மனநல ஆலோசனை பெறலாம். உதவி கேட்பது விசுவாசக் குறைவு அல்ல.

5. கரை காட்டி மறைந்த ஒளி

மயிலாப்பூர் லஸ் பகுதியில் உள்ள பிரகாச மாதா ஆலயத்தை நாம் அறிவோம். 1516 என்ற ஆண்டைத் தாங்கிய கல்வெட்டு அங்குள்ளது. கடலில் திசை தெரியாமல் தவித்த போர்த்துக்கீசியர் அன்னையை மன்றாடினார்கள் என்றும், ஓர் ஒளி தோன்றி அவர்களைக் கரைக்கு நடத்தியது என்றும், அதைப் பின்தொடர்ந்து வந்தவர்கள் அது மறைந்த இடத்தில் ஆலயம் எழுப்பினார்கள் என்றும் மரபு கூறுகிறது. அந்த ஒளி தன்னையே பார்த்துக்கொண்டிருக்கும்படி அவர்களைக் கடலில் நிறுத்தவில்லை. கரை சேர்த்தது, மறைந்தது.

நல்ல செயலிக்கு இதைவிடச் சிறந்த இலக்கணம் நமக்குத் தெரியவில்லை. மற்றச் செயலிகள், மக்கள் எத்தனை மணி நேரம் தங்களிடம் தங்கினார்கள் என்பதைக் கொண்டு வெற்றியை அளக்கின்றன. இந்தச் செயலியோ, எவ்வளவு விரைவில் மாணவர் தன்னை விட்டு நடந்தார் என்பதைக் கொண்டு அளக்கப்பட வேண்டும். நூலகத் தந்தை எஸ்.ஆர்.ரங்கநாதன் சென்னைப் பல்கலைக்கழக நூலகத்தில் பணியாற்றியபோது, 1931ல் நூலகத்திற்கான ஐந்து விதிகளை வெளியிட்டார். வாசகரின் நேரத்தைக் காப்பது அவற்றுள் நான்காவது. செயலி செய்வோருக்கும் அது பொருந்தும். சில மாதங்களில் மாணவர் செயலி இல்லாமலே மேசையில் அமரப் பழக வேண்டும். "இனி நான் தேவையில்லை" என்று சொல்லத் தெரிந்த செயலியே நல்ல செயலி.

6. கவனமும் செபமும்

இது வெறும் மதிப்பெண் சார்ந்த காரியம் அல்ல. பிரெஞ்சுச் சிந்தனையாளர் சிமோன் வெய்ல், 1942ல் டொமினிக்கன் சபைக் குரு ஒருவருக்காக எழுதிய கட்டுரையில், பள்ளிப் படிப்பில் பழகும் கவனம் செபத்திற்கான பயிற்சி என்று விளக்கினார். கணக்கு விடையே வராமல் போனாலும், உண்மையாகக் கொடுத்த கவனம் வீணாகாது, அதன் பலன் செபத்திலும் துன்புறும் அயலாரைக் காண்பதிலும் வெளிப்படும் என்பது அவர் கருத்து. மதிப்பெண் குறைந்த பிள்ளைகளின் பெற்றோர் இதை மனதில் கொள்ள வேண்டும்.

பெத்தானியாவில் மார்த்தா பல அலுவல்களால் சிதறுண்டிருக்க, மரியா ஆண்டவரின் காலடியில் அமர்ந்து கேட்டார் (லூக் 10:38-42). எரிகோவில் கூட்டம் அதட்டி அடக்கிய பர்த்திமேயுவின் குரலைக் கேட்டு இயேசு நின்றார் (மாற் 10:46-52). அத்தனை இரைச்சலிலும் ஒரே ஒருவருக்குக் கவனம் கொடுக்க அவரால் முடிந்தது. 2025 செப்டம்பர் 7ல் திருத்தந்தை 14ம் லியோ புனிதராக அறிவித்த கார்லோ அகுத்திஸ் கணினியை நன்கு அறிந்தவர். நற்கருணைப் புதுமைகளைத் தொகுத்து இணையத்தில் தந்த அந்த இளைஞர், வீடியோ விளையாட்டுக்கு வாரம் ஒரு மணி நேரம் என்று தமக்குத்தாமே வரம்பு வைத்திருந்தார் எனக் கூறப்படுகிறது. அவருக்கு அந்த வரம்பைப் போட எந்தச் செயலியும் தேவைப்படவில்லை.

செயலி வரும்வரை நாம் காத்திருக்கவும் வேண்டியதில்லை. 2010ல் திறக்கப்பட்ட கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்திற்குச் சொந்தப் புத்தகத்தோடு படிக்க வருவோர் பலர். அவர்கள் தேடி வருவது எல்லாரும் படிக்கும் ஓர் இடத்தை. நம் பங்கு மண்டபங்களைத் தேர்வுக் காலத்தில் மாலை இரண்டு மணி நேரம் திறந்து வைக்கலாம். வாசலில் செல்போன் வைக்க ஒரு கூடை, நேரம் சொல்ல ஒரு மணி, உடனிருக்க அன்பியத்தைச் சேர்ந்த பெரியவர் இருவர் போதும். செயலி செய்யும் இளையோர் முதலில் அங்கு வந்து அமர்ந்து பார்க்கட்டும். அவர்கள் செய்ய வேண்டியது என்னவென்று அங்கேயே விளங்கும்.

ஆண்டவரே, படிக்கும் எம் பிள்ளைகளுக்கு ஒருமுகப்பட்ட உள்ளத்தைத் தாரும். அவர்களுக்குக் கவனம் கொடுக்க எங்களுக்கும் நேரம் தாரும். ஆமென்.