சுதை, சாந்து, காரை: பழங்கட்டடப் பாதுகாப்பும் சொற்பொருள் வரையறையும்

சிமெண்ட் என்பதற்குத் தமிழில் ஆக்கப்பெற்ற சொற்களுள் பைஞ்சுதை ஒன்று. பசுமை, சுதை என்னும் இரு சொற்களின் புணர்ச்சியில் விளைந்த இச்சொல், ஆக்க முறையால் குறைகூற முடியாதது. ஒலியாலும் இனிது. ஆயினும் பழங்கட்டடங்களைப் பேணும் துறையில் இது பெருங்குழப்பத்திற்கு இடந்தருகிறது. சுதை என்பது சுண்ணாம்பைக் குறிக்கும் சொல். சிமெண்டோ, சுண்ணாம்பால் எழுந்த பழஞ்சுவர்களுக்குத் தீங்கிழைக்கும் பொருள். தீங்கிழைப்பதும் தீங்குறுவதும் ஒரே பெயரின் இரு வகைகளாகச் சொல்லளவில் உறவாக்கப்பட்டுவிட்டன. கான்கிரீட்டைக் குறிக்கும் கற்காரை, திண்காரை ஆகியவற்றின் நிலையும் இதுவே. காரை என்பதும் சுண்ணாம்புக் கலவைக்கே வழங்கி வந்த பெயர். சீமைக்காரை என்னும் மற்றோர் ஆக்கம் இவ்வகையில் நேர்மையானது. சீமை ஓடு, சீமை எண்ணெய் என்பன போல, வெளியிலிருந்து வந்த வேறொரு பொருள் என்பதை அது மறைக்கவில்லை.

இது வெறும் சொல்லாராய்ச்சி அன்று என்பதை உணரச் சுண்ணாம்பின் இயல்பைச் சிறிது அறிதல் வேண்டும். சுண்ணாம்புக்கல்லையோ கிளிஞ்சலையோ ஏறத்தாழ 900 பாகை செல்சியசு வெப்பத்தில் சுட்டால் அதிலுள்ள கரியமில வாயு நீங்கிச் சுட்ட சுண்ணாம்பு கிடைக்கும். அதில் நீர் வார்த்தால் கொதித்துப் பூத்து நீற்றிய சுண்ணாம்பாகும். மணலோடு கலந்து சுவரில் பூசிய பின், காற்றிலுள்ள கரியமில வாயுவை அது மெல்ல மெல்ல ஏற்று மீண்டும் கல்லாகிறது. தடித்த சுவரில் இம்மாற்றம் ஆண்டுக்கணக்கில் நிகழும். இவ்வாறு இறுகிய சுண்ணாம்பு நுண்துளைகள் உடையது. நிலத்திலிருந்து சுவருக்குள் ஏறும் ஈரத்தை அது வெளியே விடும். சுவரின் சிற்றசைவுகளுக்கும் இடங்கொடுக்கும். சிமெண்டுப் பூச்சு அத்தகையதன்று. இறுக்கமும் விறைப்பும் மிக்க அது ஈரத்தை உள்ளேயே அடைத்துவிடும். அடைபட்ட ஈரத்திலுள்ள உப்புகள் செங்கல்லுக்குள் படிகமாகித் திரள, சுவர் உப்பரித்துச் செங்கல் பொரிந்து உதிரும். மேற்பூச்சு மட்டும் உறுதியாக நிற்க, அது காக்க வேண்டிய சுவர் பின்னே பொடியாகும்.

எனவே, ஒரு மதிப்பீட்டு அறிக்கையில் 'பழைய பூச்சை நீக்கிப் புதிய பூச்சு இடுக' என்று மட்டும் மொழிபெயர்க்கப்பட்டால், அந்தப் பொதுச்சொல்லின் வெற்றிடத்தைக் கடைத்தெருவில் எளிதாகக் கிடைக்கும் பொருள் நிரப்பிவிடும். பூச்சு என்பது சாந்துக்கும், சாயத்துக்கும், மெருகுக்கும், மருந்துக்கும் பொதுவான பெயர். மூலத்தில் வெவ்வேறாக நின்ற நான்கைந்து சொற்களை இந்த ஒற்றைச் சொல் விழுங்கிவிடுவது மொழிபெயர்ப்புகளில் அடிக்கடி நேர்வதாகும்.

சொற்களின் வரலாறு

சுண்ணம் என்பது பொடி என்னும் பொருளுடையது. வடமொழிச் சூர்ணம் பாகத மொழிகளில் சுண்ண எனத் திரிந்த வடிவத்தோடு இது தொடர்புடையது. பழந்தமிழ் நூல்களில் சுண்ணம் பெரும்பாலும் மணப்பொடியையே குறிக்கும். திருவாசகத்தின் திருப்பொற்சுண்ணத்தில் இடிக்கப்படுவதும் நீராட்டுக்குரிய நறும்பொடியே. கட்டடப் பொருளைச் சுட்டச் சுண்ணாம்பு என்னும் வடிவம் நிலைபெற்றது. தெலுங்கில் சுன்னம், கன்னடத்தில் சுண்ண, இந்தியில் சூனா என இச்சொல்லின் உறவுகள் இந்தியா முழுவதும் பரவியுள்ளன. ஆங்கிலேயர் இச்சொல்லைச் 'சுனாம்' எனத் தம் மொழியில் ஏற்றுக்கொண்டனர். பளிங்கு போல் மின்னிய சென்னைப் பட்டினத்துச் சுவர்களின் புகழ் 'மதராஸ் சுனாம்' என்னும் தொடராக அவர்தம் பயணக் குறிப்புகளில் இடம்பெற்றது.

சுதையின் கதை வேறு. வடமொழியில் சுதா என்பது அமுதத்தையும் குறிக்கும், சுண்ணாம்பையும் குறிக்கும். சுதை பூசப்பெற்ற மாளிகை சௌதம் எனப்பட்டது. 1956-இல் கட்டி முடிக்கப்பெற்ற பெங்களூரு விதான சௌதா கருங்கல்லால் ஆனது. அதன் பெயரில் மட்டும் சுண்ணாம்பு தங்கியிருக்கிறது. மணிமேகலையில், புகார் நகர மாடங்களின் வெண்சுதை மீது வல்லுநர் தீட்டிய ஓவியங்களை மக்கள் நின்று காணும் காட்சி வருகிறது. சுதை என்பது தமிழில் கட்டுமானப் பொருளாக மட்டுமன்றிக் கலைக்குரிய தளமாகவும் தொடக்கம் முதலே எண்ணப்பட்டமைக்கு இது சான்று. கோபுரங்களில் உள்ள உருவங்களைச் சுதைச் சிற்பங்கள் என வழங்குவது இம்மரபின் தொடர்ச்சியே.

மகேந்திரவர்மப் பல்லவனின் மண்டகப்பட்டுக் கல்வெட்டு இங்கு நினைக்கத்தக்கது. செங்கல், மரம், உலோகம், சுதை ஆகிய நான்கும் இன்றி அயன், அரன், அரி ஆகிய மூவருக்கும் கோயில் எடுத்ததாக அவ்வடமொழிக் கல்வெட்டில் மன்னன் பெருமை கொள்கிறான். அதிலுள்ள சுதா என்னும் சொல்லை இணைப்புச் சாந்து என்றும் கொள்ளலாம், மேற்பூச்சு என்றும் கொள்ளலாம், சுண்ணாம்பு என்னும் மூலப்பொருளாகவும் கொள்ளலாம். மற்ற மூன்றும் மூலப்பொருள்களே ஆதலால் சுண்ணாம்பு என்பதே பொருந்தும். ஆங்கிலத்தில் இதனை இணைப்புச் சாந்து எனப் பெயர்ப்பது வழக்கமாகிவிட்டது. அதிலிருந்து தமிழாக்குவோர் சாந்து என்றே எழுதிவிடுவர். சுதை என்று மூலச்சொல்லை அப்படியே விட்டாலே போதும்; தமிழுக்கு இருக்கும் அந்த வசதி ஆங்கிலத்திற்கு இல்லை.

நீறு என்னும் சொல் தமிழுக்கே உரிய மற்றொரு வளம். சாம்பல், திருநீறு, சுண்ணாம்பு ஆகிய மூன்றுக்கும் அது பொது. நீறுதல், நீற்றுதல் என்னும் வினைகள் அதனின்றும் கிளைத்தவை. திருநாவுக்கரசர் அடைக்கப்பெற்றதாகப் பெரியபுராணம் கூறும் நீற்றறை, சுண்ணாம்பு நீற்றும் அறையே. நீற்றுதல் என்னும் வினை பொதுவழக்கில் அருகியதால், இன்றைய வாசகர் பலர் அதனை ஏதோ ஒரு தண்டனைக்கூடம் என்றே கொள்கின்றனர். அவரை அங்கு இடச்செய்த பல்லவன் மகேந்திரவர்மனே என்பது வரலாற்றறிஞர் பலரின் கருத்து. அக்கருத்தை ஏற்பின், சுதை இன்றிக் கோயில் எடுத்த மன்னனின் நாட்டில் நீற்றறைகள் ஓய்ந்திருக்கவில்லை என்பது தெரிகிறது.

கொத்தனார் வழக்கு

ஏட்டுச் சொற்களினும் நுட்பமானவை தொழிலாளரின் சொற்கள். கொத்தனாருக்குச் சுண்ணாம்பு என்பது ஒரு பொருளன்று. கிளிஞ்சல் சுண்ணாம்பு வேறு, கற்சுண்ணாம்பு வேறு, சுக்கான்கல்லைச் சுட்டெடுத்த சுண்ணாம்பு வேறு. கிளிஞ்சலில் கிடைப்பது தூயது, வெண்மையானது. மேற்பூச்சுக்கும் மெருகுக்கும் ஏற்றது. சுக்கான்கல்லில் களிமண் கலந்திருப்பதால் அதன் சுண்ணாம்பு ஈரத்திலும் இறுகும். அடித்தளத்திற்கும் சுவர்க்கட்டுக்கும் உகந்தது. பிற்கால அறிவியல் செய்த பாகுபாட்டைப் பெயர்களிலேயே பொதிந்துவைத்த வழக்கு இது.

சுண்ணாம்பு, மணல் ஆகியவற்றைச் செக்கிலோ அம்மியிலோ அரைத்து எடுப்பது சாந்து. நெற்றியில் இடும் சாந்தும், பூசும் சந்தனச் சாந்தும் இதே சொல்லாதல் நோக்கத்தக்கது; விழுதாக அரைபட்டது என்பதே மூன்றுக்கும் பொதுத்தன்மை. சாந்தில் கடுக்காய் ஊறிய நீரும் வெல்லம் அல்லது கருப்பட்டி கரைத்துப் புளிக்கவைத்த நீரும் சேர்ப்பதுண்டு. செங்கல் தூளைக் குறிக்கும் சுர்க்கி, சிவப்பு என்னும் பொருளுடைய பாரசீகச் சொல்லிலிருந்து வந்தது. 1895-இல் நிறைவுற்ற முல்லைப் பெரியாற்று அணை சுண்ணாம்பும் சுர்க்கியும் கலந்த சாந்தால் எழுந்தமையால் இச்சொல் தமிழ் நாளிதழ் வாசகருக்கும் பழகியதாயிற்று. கொத்தனார் நாவில் இது சுருக்கி என ஒலிக்கும்போது, எழுத்தில் அதனை வினையெச்சமாகப் பிழைபட வாசிக்க இடமுண்டு.

செட்டிநாட்டு வீடுகளின் சுவர்களைத் தொட்டுப் பார்த்தவர் அவற்றின் வழுவழுப்பை மறப்பதில்லை. ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றிய பூச்சுகளின் இறுதியில், நுண்ணிதாக அரைத்த கிளிஞ்சல் சுண்ணாம்பில் முட்டை வெண்கரு சேர்த்துப் பூசி, ஈரம் முற்றும் உலருமுன் வழுவழுப்பான கல்லால் தேய்த்து ஏற்றிய மெருகு அது. வண்ணச் சாயம் எதுவும் அதன்மேல் தேவைப்படுவதில்லை. 2014-இல் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் செட்டிநாட்டு ஊர்த்தொகுதிகள் இடம்பெற்றன. ஆனால் பட்டியலில் ஏறுவது வீடு. பூச்சின் படிநிலைகளையும் அவற்றின் பெயர்களையும் அறிந்த கை அன்று.

மொழிபெயர்ப்பில் இடறும் இடங்கள்

சுண்ணாம்பு பற்றிய ஆங்கில ஆவணங்களில் ஹைட்ராலிக், ஹைட்ரேட்டட் என்னும் இரு அடைகள் அடுத்தடுத்து வரும். இரண்டிலும் நீர் என்னும் கருத்து இருப்பதால் இரண்டையுமே நீரியல் சுண்ணாம்பு என்றோ நீர்ச்சுண்ணாம்பு என்றோ எழுதிவிடல் எளிது. முன்னது நீரில் இறுகவல்ல சுண்ணாம்பு. பின்னது நீற்றிய சுண்ணாம்பு. முன்னது ஒரு வகையின் பெயர். பின்னது ஒரு நிலையின் பெயர். கட்டடச் சுண்ணாம்புக்கான இந்தியத் தர வரையறை 712 இவ்வகைகளை எழுத்துகளால் பிரித்துக் காட்டுகிறது. நீரில் நன்கு இறுகுவது முதல் வகுப்பாகவும், தூய சுண்ணாம்பு மூன்றாம் வகுப்பாகவும், சுக்கான்கல் சுண்ணாம்பு ஐந்தாம் வகுப்பாகவும் அமையும். அடைச்சொல்லில் ஐயம் எழும்போது வகுப்பெழுத்தை நோக்கின் தெளிவு பிறக்கும். மூன்றாம் வகுப்பைக் கொழுப்புச் சுண்ணாம்பு எனச் சொல்லுக்குச் சொல் பெயர்ப்பது நகைப்புக்கே இடமாகும்.

சுவரோவியம் என்னும் சொல்லும் இத்தகையதே. ஈரச் சுதையின்மேல் நீரில் கரைத்த வண்ணத்தைத் தீட்டினால், சுண்ணாம்பு இறுகும்போது வண்ணத்தையும் தன்னுள் பிணைத்துக்கொள்ளும். உலர்ந்த தளத்தில் பசை கலந்த வண்ணத்தால் தீட்டுவது மற்றொரு முறை. அசந்தாவில் மண்சாந்துத் தளத்தின்மேல் தீட்டப்பெற்றவை இப்பின்னைய வகையின. தஞ்சைப் பெரிய கோயிலின் உட்சுற்றில் நாயக்கர் கால ஓவியங்களின் அடியில் மறைந்திருந்த சோழர் ஓவியங்களை 1931-இல் எஸ்.கே. கோவிந்தசாமி கண்டறிந்தார். சென்னை அருங்காட்சியக வேதியியலறிஞர் எஸ். பரமசிவன் அவற்றை ஆய்ந்து ஈரச்சுதை முறையில் ஆனவை எனக் கண்டார். ஈரச்சுதை ஓவியம், உலர்தள ஓவியம் எனத் தமிழில் பிரித்து வழங்குவதன் பயன் நூலறிவோடு நிற்பதன்று. முன்னதைத் தூய்மை செய்யும் முறையைப் பின்னதற்குக் கையாண்டால் பசை கரைந்து ஓவியமே அழியக்கூடும்.

இராசத்தானத்தில் மெருகேற்றிய சுண்ணாம்புப் பூச்சை ஆராயிஷ் என்பர். அழகூட்டல் என்பது இப்பாரசீகச் சொல்லின் பொருள். செயப்பூர் மாளிகைகளைப் பற்றிய நூலில் இதனை 'அலங்காரம்' எனப் பெயர்த்தால் ஒரு தொழில்நுட்பமே மறைந்துபோகும். மெருகுச் சுதை எனலாம். ஈரத்தில் தீட்டுவதை அங்கு ஆலா-கீலா என வழங்குவர். ஈரச்சுதை என்னும் தமிழ் வழக்கோடு இது நேராகப் பொருந்துகிறது. அண்டை மொழியாகிய மலையாளத்திலோ எதிர்பாராத ஒரு பொறி உண்டு. அங்குக் கும்மாயம் என்பது கட்டடச் சுண்ணாம்பு. தமிழில் அது பருப்பால் ஆன உணவு. செட்டிநாட்டில் இன்றும் இனிப்பாகச் சமைக்கப்படுவது. கன்னடத்தில் காரெ என்பது சாந்தையும் பூச்சையும் குறித்துத் தமிழ்க் காரையை நினைவூட்டுகிறது.

சுண்ணாம்பின் இடத்தைச் சிமெண்ட் கைப்பற்றியது ஒரே நாளில் நிகழ்ந்ததன்று. போர்ட்லண்டு சிமெண்டுக்கு இங்கிலாந்தில் 1824-இல் காப்புரிமை பெறப்பட்டது. இந்தியாவில் முதல் முயற்சி 1904-இல் சென்னையில், கிளிஞ்சலையே மூலப்பொருளாகக் கொண்டு நடந்து, நிலைக்காமல் போயிற்று. 1914-இல் போர்பந்தரில் தொடங்கிய உற்பத்தியே வெற்றி கண்டது. கடந்த நூற்றாண்டின் பிற்பகுதிக்குள் காளவாய்களும் சாந்துச் செக்குகளும் பல ஊர்களில் மறைந்தன. அண்மைக் காலத்தில் நிலைமை சிறிது மாறியுள்ளது. 2012-இல் தீக்கிரையான சேப்பாக்கம் அரண்மனையின் கலச மகாலைப் பொதுப்பணித்துறை சுண்ணாம்புச் சாந்து கொண்டே மீட்டமைத்தது. 2004-இல் ஏற்கப்பெற்ற இன்டாக் சாசனம், பழமையைப் புதுக்கும் மரபான திருப்பணி முறைக்கும் கைவினைஞர் அறிவுக்கும் பாதுகாப்புக் கொள்கையில் இடமளித்தது. கொள்கை இருந்தும், வேலையைச் செய்பவரும் ஆவணம் எழுதுபவரும் வெவ்வேறு சொற்களில் பேசினால் அது சுவரைச் சென்று சேர்வதில்லை.

தொழிற்சொல் தொகுப்பு

இதற்கு வழிகாட்டும் முன்மாதிரிகள் இந்திய மொழிகளில் உள்ளன. கிரியர்சனின் பீகார் உழவர் வாழ்க்கை பற்றிய நூல் (1885) கருவிகளையும் அவற்றின் உறுப்புகளையும் ஊர்வழக்குப் பெயர்களோடு பதிந்தது. உருதுவில் ஜபருர் ரகுமான் தொகுத்த தொழிற்சொல் அகராதி கட்டடத் தொழிலுக்கு இடமளித்தது. தெலுங்கில் பத்ரிராஜு கிருஷ்ணமூர்த்தி உழவுத் தொழிலுக்கு 1962-இலும் கைத்தறிக்கு 1971-இலும் வட்டாரத் தொழிற்சொல் அகராதிகளை வெளியிட்டார். அவ்வரிசையில் கட்டடத் தொழிலுக்குரிய தொகுதியைப் பூதராஜு ராதாகிருஷ்ண உருவாக்கினார். தொழிலாளரிடம் நேரில் கேட்டு, ஒரு பொருளுக்கு எந்த வட்டாரத்தில் எச்சொல் என்பதைக் காட்டியதே தெலுங்குத் தொகுதிகளின் சிறப்பு.

தமிழில் கட்டடத் தொழிலுக்கு இத்தகைய தொகுப்பை மேற்கொள்வோர் பெயர்ச்சொற்களோடு நின்றுவிடலாகாது. கருவியின் பெயர் பொருட்காட்சியகத்திலும் கிடைக்கும். வினை தொழில் நடக்கும் இடத்தில்தான் கிடைக்கும். சுண்ணாம்பு வேகும், பூக்கும், நீறும். சாந்து அரைபடும், புளிக்கும், பதம் வரும். காரை இறுகும், பெயரும். மெருகு ஏறும், மங்கும். எப்பொருளுக்கு எவ்வினை என்னும் இவ்வியைபுகளைப் பதிவின் ஓர் உறுப்பாக்கினால், சிமெண்டைக் குறிக்கும் சொல் எதுவாயினும் அது சுதையின் இடத்தில் அமர இயலாது. சிமெண்ட் நீறுவதுமில்லை, புளிப்பதுமில்லை. பதம் வரும் வரை காத்திருப்பதும் அதற்கு இல்லை. கலந்த சில மணி நேரத்திற்குள் அதைப் பூசியாக வேண்டும்.